அடைக்கப்பட்ட ஆலயமும் அணையாத விளக்கும்

எருசலேம் தொடங்கி இல்லிரிக்கம் வரை கிறிஸ்துவின் நற்செய்தியை அறிவித்ததாகத் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் கூறுகிறார். இல்லிரிக்கம் என்று அக்காலத்தில் வழங்கிய நிலப்பரப்பின் ஒரு பகுதியே இன்றைய அல்பேனியா. திருத்தூதர் காலத்திலேயே விசுவாச விதை விழுந்த அந்த மண்ணில், 1967-ஆம் ஆண்டு ஆலயக் கதவுகள் அனைத்தும் ஒருசேர அடைக்கப்பட்டன. மணிகள் ஓய்ந்தன. பீடங்கள் தகர்க்கப்பட்டன. இறைவேண்டல் குற்றமாயிற்று. இந்நிலை 1990 வரை நீடித்தது.

அந்த 23 ஆண்டுகள் அல்பேனியத் திருச்சபை எங்கே வாழ்ந்தது? ஆலயமும் இல்லை, ஆயர் இல்லமும் இல்லை, மறைக்கல்வி வகுப்பும் இல்லை என்ற நிலையில் ஒரு பங்கு எவ்வாறு பங்காக இருக்க இயலும்? இக்கேள்வி அல்பேனியாவுக்கு மட்டும் உரியதன்று. திருச்சபையின் எதிர்காலம் குறித்துக் கவலையுறும் ஒவ்வோர் இறையடியாரும் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது.

ஒரு சிறு பங்கு தந்த கொடை

பங்கு என்பது எத்தகைய ஆற்றல் உடையது என்பதை அறிய, அந்த இருண்ட காலத்திற்கு முன்பிருந்த ஓர் அல்பேனியக் குடும்பத்தை முதலில் நோக்குவது தகும். 1910 ஆகஸ்டு 26 அன்று ஸ்கோப்யே நகரில் நிக்கோலா, திரானா இணையருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்நகர் இன்று வட மாசிடோனியாவின் தலைநகர். அங்கே கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அவர்களின் வாழ்வு இயேசுவின் திருஇருதய ஆலயத்தைச் சுற்றியே சுழன்றது. தந்தையை இளவயதிலேயே இழந்த அச்சிறுமி, தமக்கை ஆகேயுடன் பங்கின் பாடகர் குழுவில் பாடினாள். மரியன்னை சபையில் சேர்ந்தாள். வங்காளத்தில் இறைப்பணி ஆற்றிய இயேசு சபைக் குருக்களைப் பற்றிய செய்திகளைப் பங்குத்தந்தை இளையோருக்கு எடுத்துச் சொல்வார். இல்லத்திலோ, தாய் ஏழைகளை அழைத்து வந்து தம் மக்களோடு ஒரே பந்தியில் அமர்த்தி உணவளிப்பார்.

ஆலயத்தில் கேட்டதும் அடுக்களையில் கண்டதும் அச்சிறுமியின் உள்ளத்தில் ஒன்றாயின. 1928-இல், 18 வயதில், துறவறம் பூண அவள் வீட்டை விட்டுப் புறப்பட்டாள். தாயும் தமக்கையும் சாக்ரெப் நகர் வரை உடன் சென்று வழியனுப்பினர். 1929 சனவரியில் கொல்கத்தா வந்தடைந்த அந்த இளம்பெண்ணையே பின்னாளில் உலகம் அன்னை தெரேசா என்று போற்றியது. கொல்கத்தாவின் தெருவோரத்தில் கிடந்தோரை அரவணைத்த கைகளுக்குப் பயிற்சி அளித்தவை ஒரு சிறுபான்மைப் பங்கும் ஒரு கைம்பெண்ணின் இல்லமுமே.

கதவடைப்பு

இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1944-இல், அல்பேனியாவின் ஆட்சி என்வர் ஹோஜாவின் கைக்குப் போயிற்று. நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் இசுலாமியர். தெற்கில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும் வடக்கில் ஷ்கோடர் நகரைச் சூழ்ந்து கத்தோலிக்கரும் வாழ்ந்தனர். உரோமையோடு உறவு கொண்டிருந்த கத்தோலிக்கத் திருச்சபையை அந்நிய ஒற்றர் கூட்டம் என்றே ஆட்சியாளர் பழித்தனர். அயல்நாட்டுக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். உள்நாட்டுக் குருக்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். துராஸ் பேராயரும் கவிஞருமான வின்சென்ட் பிரெனுஷி, சிறையில் வதையுண்டு 1949-இல் உயிர் நீத்தார்.

1967-இல் அடக்குமுறை உச்சத்தை எட்டியது. ஆலயங்கள், பள்ளிவாசல்கள், தர்கா மடங்கள் என ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன. ஷ்கோடர் பேராலயம் விளையாட்டு அரங்கமாயிற்று. அந்நகரின் கோட்டை அடிவாரத்தில் இருந்த நல்லாலோசனை அன்னையின் திருத்தலம் இடித்துத் தள்ளப்பட்டது. 1976-இல் இயற்றப்பட்ட அரசியல் சட்டம், அரசு எந்தச் சமயத்தையும் ஏற்பதில்லை என அறிவித்தது. குழந்தைகளுக்குச் சூட்டும் பெயர்களில்கூட அரசு தலையிட்டது. தவக்காலத்திலும் இரமலான் மாதத்திலும் பள்ளிகளிலும் பணியிடங்களிலும் விலக்கப்பட்ட உணவைப் பரிமாறி, உண்ண மறுப்போர் யார் என்று கண்காணித்தனர். மழலையின் வாயிலிருந்தே வீட்டின் மறைவான இறைவேண்டலை அறிந்துகொள்ள முயன்ற ஆட்சி அது.

குருவின் நினைவில் குடியிருந்த திருப்பலி

அருட்தந்தை எர்னெஸ்ட் சிமோனி 1956-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். 1963 டிசம்பர் 24 அன்று கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலியை நிறைவேற்றி முடித்த வேளையில் அவர் கைது செய்யப்பட்டார். அதற்கு ஒரு மாதம் முன் கொலையுண்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்ததும் அவர் மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது கடும் உழைப்புத் தண்டனையாக மாற்றப்பட்டது. சுரங்கங்களில் உழைத்தார். 1981-இல் விடுதலையான பின்னும் ஷ்கோடர் நகரின் கழிவுநீர்க் கால்வாய்களில் வேலை செய்யுமாறு பணிக்கப்பட்டார்.

அத்தனை ஆண்டுகளிலும் அவர் குருத்துவப் பணியைக் கைவிடவில்லை. திருப்பலிப் புத்தகம் கையில் இல்லை. ஆயினும் இலத்தீன் மொழித் திருப்பலி முழுவதும் நெஞ்சில் பதிந்திருந்தது. சிறையிலேயே மனப்பாடமாகத் திருப்பலி நிறைவேற்றினார். உடன் கைதிகளின் ஒப்புரவு அறிக்கையைக் கேட்டார். சிறைக்குள் ஒரு பங்கு உருவாயிற்று. அதற்குச் சுவரும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆடுகளும் ஆயனும் மட்டும் இருந்தனர்.

மற்றொரு குருவானவரான ஷ்தியெஃபன் கூர்த்தி 1971-இல் கொல்லப்பட்டார். ஒரு குழந்தைக்கு மறைவாகத் திருமுழுக்கு அளித்ததற்காகவே அவர் உயிரைப் பறித்தனர் என்ற செய்தி, 1973-இல் நாட்டெல்லை கடந்து பரவி உலகை அதிரவைத்தது. குழந்தையின் நெற்றியில் வார்க்கும் சிறிதளவு நீரைக் கண்டு ஒரு பேரரசு ஏன் நடுங்க வேண்டும்? அந்த நீரில் தலைமுறை ஒன்று கைமாற்றப்படுகிறது. மனிதர் அரசின் உடைமையல்லர், இறைவனின் பிள்ளைகள் என்ற அறிக்கை அதில் அடங்கியுள்ளது. அதனை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். விசுவாசிகளே சில வேளைகளில் அதனை மறந்துவிடுகின்றனர்.

கால்வாய் நீரும் காலணியும்

குருக்கள் சிறையிலும் கல்லறையிலும் இருந்த காலத்தில், விசுவாசத்தைச் சுமந்தவர்களுள் மரியே கலேத்தா என்ற பெண்மணியும் ஒருவர். துறவு மடத்தில் சேர்ந்து பயிற்சி பெற்று வந்தபோது மடம் மூடப்பட்டதால் அவர் வீடு திரும்ப நேர்ந்தது. எனினும் உள்ளத்தளவில் துறவியாகவே வாழ்ந்தார். கூட்டுறவுப் பண்ணையில் உழைத்தார். நற்கருணையை மறைவாகப் பாதுகாத்து நோயுற்றோருக்கு அளித்தார். நம்பத் தகுந்தோரின் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கினார்.

ஒரு நாள் பண்ணை வேலை முடிந்து அவர் திரும்பிக் கொண்டிருந்தபோது, கைக்குழந்தையுடன் ஒரு பெண் பின்னால் ஓடிவந்தாள். குழந்தைக்குத் திருமுழுக்குத் தரவேண்டும் என்று கெஞ்சினாள். அவள் ஒரு கம்யூனிஸ்டுக் கட்சிக்காரரின் மனைவி என்பதை அறிந்திருந்த கலேத்தாவுக்கு அச்சம் எழுந்தது. நடுவழியில் இருப்பதாகவும் கையில் எதுவும் இல்லை என்றும் கூறித் தவிர்க்கப் பார்த்தார். அருகிலுள்ள கால்வாயில் நீர் இருக்கிறதே என்றாள் அவள். மொள்ளுவதற்குப் பாத்திரம் இல்லை என்றார் கலேத்தா. அந்தத் தாயோ விடவில்லை. அவளது விசுவாசத்தைக் கண்ட கலேத்தா, தம் காலிலிருந்த பிளாஸ்டிக் காலணியைக் கழற்றி, அதில் கால்வாய் நீரை முகந்து, அக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தார்.

இந்நிகழ்ச்சியில் சிந்திக்கத்தக்கவை பல. இன்றியமையாத தேவை நேரும்போது, திருச்சபை கருதும் அதே கருத்துடன், நீர் வார்த்து மூவொரு இறைவனின் பெயரால் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது திருச்சபையின் தொன்மையான போதனை. அமைதிக் காலத்தில் மறைக்கல்வி வகுப்பில் கற்ற இந்தச் சிறு பாடம், துன்பக் காலத்தில் ஒரு மக்களினத்தின் உயிர்நாடி ஆயிற்று. அன்று அழகிய திருமுழுக்குத் தொட்டி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதனினும் ஆழ்ந்த உண்மை ஒன்றுண்டு. அடக்குமுறை செய்தோரின் இல்லத்திற்குள்ளேயே இறைத்தாகம் உயிரோடிருந்தது. கணவன் கட்சியின் ஆணையைக் காத்தான். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அஞ்சவேண்டியவள் என்று கலேத்தா எண்ணிய அப்பெண்ணே அவருக்கு விசுவாசத்தின் ஆசிரியை ஆனாள்.

பிரிவின் விலை

துன்பத்தை மேன்மைப்படுத்திப் பேசுவது எளிது. அதன் விலையை மறைத்தல் தகாது. அன்னை தெரேசாவின் தாயும் தமக்கையும் 1930-களில் அல்பேனியத் தலைநகர் திரானாவில் குடியேறியிருந்தனர். எல்லைகள் மூடப்பட்ட பின் அவர்கள் வெளியேற இயலவில்லை. மகளை ஒருமுறை காண வேண்டும் என்று அந்தத் தாய் ஏங்கினார். அனுமதி கிட்டவில்லை. 1972-இல் தாயும் 1973-இல் தமக்கையும் இறந்தனர். இறப்போரின் கைகளைப் பற்றி ஆயிரமாயிரம் பேருக்கு ஆறுதல் தந்த மகள், தன்னைப் பெற்றவளின் படுக்கையருகே நிற்க இயலாமற் போயிற்று. 1989-இல்தான் அவருக்கு அல்பேனியாவினுள் நுழைய வழி பிறந்தது. அப்போது அவருக்காகக் காத்திருந்தவை கல்லறைகளே.

அனைவரும் உறுதியாக நின்றனர் என்று கூறுவதும் உண்மையாகாது. பிள்ளைகளுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சி, இறைவேண்டலைக் கற்றுத் தராமலே விட்ட பெற்றோர் உண்டு. சிலுவை அடையாளம் வரையத் தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. அவர்களைக் குறைகூற, அச்சமின்றி வாழ்வோருக்கு உரிமை இல்லை. எனினும் கற்க வேண்டிய பாடம் உண்டு. தழல் கைமாறாத வீட்டில் விளக்கு தானாக எரிவதில்லை.

கல்லறையில் எழுந்த குரல்

1990 நவம்பரில், ஷ்கோடர் நகரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், நெடுங்காலம் சிறையில் வாடிய அருட்தந்தை சிமோன் யூபானி வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றினார். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதே மாதத்தில் அதே நகரில் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை மீண்டும் தொடங்கியது. அதனை நடத்திய இமாம் ஹாஃபிஸ் சப்ரி கோச்சியும் நீண்ட சிறைவாசம் கண்டவர். ஒரே கொடுமையின் கீழ்த் துன்புற்றோர் ஒரே விடியலைக் கண்டனர்.

1991-இல் பேராலயம் மீண்டும் இறைவனின் இல்லம் ஆயிற்று. அதே ஆண்டு அன்னை தெரேசாவின் சகோதரிகள் திரானாவில் இல்லம் திறந்தனர். ஒருகாலத்தில் அல்பேனியக் குடும்பமொன்று இந்தியாவுக்கு வழங்கிய கொடை, இந்தியாவிலிருந்து அல்பேனியாவுக்குத் திரும்பிச் சென்றது. 1993 ஏப்ரல் 25 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஷ்கோடர் பேராலயத்தில் 4 ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். அவர்களுள் ஒருவரான ஃபிரானோ இல்லியா முன்பு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தவர். 2014 செப்டம்பர் 21 அன்று திரானாவில் எர்னெஸ்ட் சிமோனி, மரியே கலேத்தா ஆகியோரின் சான்றுகளைக் கேட்ட திருத்தந்தை பிரான்சிஸ் கண்ணீர் உகுத்தார். 2016 நவம்பர் 5 அன்று 38 மறைசாட்சிகள் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். ஆயர்கள், குருக்கள், துறவியர் ஆகியோரோடு பொதுநிலையினர் நால்வரும் அவர்களுள் இடம் பெற்றனர். அதே மாதத்தில் சிமோனி கர்தினால் ஆனார்.

கவலை எத்தகையது?

அல்பேனியாவின் இரவு விடிந்தாலும் உலகின் இரவு முற்றிலும் விலகிவிடவில்லை. நிகராகுவாவில் மத்தகல்பா மறைமாவட்ட ஆயர் ரொலாந்தோ அல்வாரெஸ் 2022 ஆகஸ்டில் சிறைபிடிக்கப்பட்டார். 2023 பிப்ரவரியில் அவருக்கு 26 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனை விதிக்கப்பட்டது. 2024 சனவரியில் அவர் நாடு கடத்தப்பட்டு உரோமை வந்தடைந்தார். அங்கே தெருக்களில் நடைபெற்ற பாரம்பரியத் திருப்பவனிகளும் தடுக்கப்பட்டன. இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது திருச்சபை குறித்துக் கவலை எழுவது இயல்பே. துன்புறுவோருக்காகக் குரல் கொடுப்பதும் இறைவனை மன்றாடுவதும் கடமையே.

ஆனால் கவலையில் இரு வகை உண்டு. கட்டடமும் நிலமும் மதிப்பும் பறிபோகுமோ என்பது ஒரு வகை. கையளிக்க வேண்டியதைப் பிள்ளைகளுக்குக் கையளித்தோமா என்பது மற்றொரு வகை. முதலாவதைக் கொடுங்கோலன் உண்மையாக்கிவிட முடியும். இரண்டாவதற்கு அவன் மட்டும் பொறுப்பல்லன். ஆலயக் கதவு அகலத் திறந்திருக்கும் ஊரிலும், மாலைச் செபம் ஓய்ந்துபோன இல்லத்தில் ஆலயம் அடைக்கப்பட்டே இருக்கிறது.

ஆகவே, அன்பர்களே, ஒவ்வோர் இல்லமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். நாளை புத்தகங்கள் எல்லாம் பறிக்கப்பட்டால், நெஞ்சில் நிலைத்திருக்கும் செபங்கள் எத்தனை? குரு வர இயலாத நாளில், சாகும் நிலையில் உள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்க இவ்வீட்டில் யாருக்குத் தெரியும்? ஏழை ஒருவரை அமர்த்தி உணவளிக்கும் பந்தியைப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்களா? பெரிய விடைகள் தேவையில்லை. இன்று இரவு ஒரு செபத்தைப் பொருளுணர்த்திப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். பணி தொடங்கிவிட்டது.

காலணியில் ஏந்திய நீரையும் அருளின் ஊற்றாக்கிய இறைவன், அடக்குமுறையின்கீழ் வாடும் தம் மக்களைத் தேற்றுவாராக. உரிமையோடு வாழும் மக்களுக்கு, தாம் பெற்றதைப் பேணிக் கையளிக்கும் விழிப்புணர்வைத் தந்தருள்வாராக.