ஆற்றல் கூட்டுவோரின் கடன்

ஆற்றலைப் பெருக்கிக்கொள்ளும் ஒருவர் அந்தப் பெருக்கத்தோடு பிறக்கும் வெப்பத்துக்கும் பொறுப்பாவாரா, ஆவாரெனில் அப்பொறுப்பின் எல்லை எது என்னும் வினாவுக்குத் தமிழ்ச் சமய மரபு நெடுங்காலமாகத் தன் கதைகளாலும் சடங்குகளாலும் விடை தேடி வந்திருக்கிறது. பினாங்குத் தீவின் மேற்குப் புறத்தில், ஜார்ஜ்டவுனிலிருந்து நோக்கினால் நடுமலைத் தொடருக்கு அப்பால் அமைந்துள்ள பாலிக் புலாவ் வட்டாரத்தில், அதே வினா டர்போ பொருத்திய கார்களின் முகப்பு வலைக்குப் பின்னே வேறொரு வடிவில் எழுகிறது. வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட காருக்கு, உற்பத்தி நிறுவனம் தராத ஆயில் கூலர் ஒன்றை, அதாவது எஞ்சின் எண்ணெயைக் காற்றில் ஆறச்செய்து திருப்பி அனுப்பும் சிறிய ரேடியேட்டர் ஒன்றை, உரிமையாளர் தனியே வாங்கிப் பொருத்துவது வெறும் பட்டறை வேலையாகவே கருதப்படுகிறது. அந்த வேலைக்குள் அறம் சார்ந்த முடிவு ஒன்று அடங்கியிருக்கிறது. அதனைத் தெளிவாக எண்ணிப் பார்ப்பதற்கான கருத்துகள் தமிழரின் வழிபாட்டிலேயே உள்ளன.

டர்போசார்ஜர் என்பது, எஞ்சின் வெளித்தள்ளும் புகையின் விசையால் சுழலும் ஒரு சக்கரமும், அதே அச்சின் மறுமுனையில் சுழன்று வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் மற்றொரு சக்கரமும் சேர்ந்த கருவியாகும். காற்று மிகுதியாக உள்ளே சென்றால் பெட்ரோலும் மிகுதியாக எரிகிறது. ஆனால் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இயக்கமாக மாற, எஞ்சியது புகைவழியாகவும் குளிர்நீர் வழியாகவும் எண்ணெய் வழியாகவும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் டர்போவை அடையும் புகையின் வெப்பநிலை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்த அச்சோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. உலோகத்தின்மேல் உலோகம் உரசாதவாறு அந்த அச்சைத் தாங்கி நிற்பது எண்ணெயின் மெல்லிய படலமே. எண்ணெய் 90 முதல் 110 டிகிரி வரையில் தன் பணியைச் செம்மையாகச் செய்கிறது. 130 டிகிரியைக் கடந்தால் அது நீர்த்துப்போய்ப் படலம் வலுவிழக்கிறது, காற்றோடு சேர்ந்து கெடுவதும் விரைவுபடுகிறது. ஒவ்வொரு பத்து டிகிரி உயர்வுக்கும் அந்தக் கேடு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது எண்ணெயியலில் பரவலாகக் கையாளப்படும் கணக்கு. ஆகவே ஆற்றலை உண்டாக்கும் அதே நிகழ்ச்சிதான் ஆற்றலைத் தாங்குவதையும் அரிக்கிறது.

பாலிக் புலாவின் நில அமைப்பு இந்த முரணைக் கூர்மையாக்குகிறது. பாயா தெருபோங் பக்கமிருந்து மலையேறி மறுபுறம் இறங்கும் துன் சார்டோன் சாலையும், தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் அருவியைக் கடந்து வரும் சாலையும் கொண்டையூசி வளைவுகளால் ஆனவை. சமதள நெடுஞ்சாலையில் விரையும் காருக்கு எதிர்க்காற்று தாராளமாகக் கிடைப்பதால், சுமை கூடினாலும் குளிர்ச்சியும் உடன் கூடுகிறது. மலைச்சாலையில் நிலைமை தலைகீழாகிறது: டுரியான் பருவத்து நெரிசலில் இரண்டாம் கியரில் ஏறும் கார் தன் டர்போவை முழு அழுத்தத்தில் உழைக்கவைக்கும் அதே வேளையில், வேகம் குறைவாக இருப்பதால் முகப்பில் காற்றோட்டம் மெலிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் அக்கினி நட்சத்திர நாள்களில் சிவலிங்கத்தின்மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி தாராபாத்திரம் கட்டித் தொங்கவிடுவார்கள். நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கேயுள்ள பினாங்கிலோ கோடைக்கெனத் தனிப் பருவம் கிடையாது, தணிக்க வேண்டிய தேவையும் ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை.

மலேசியப் பட்டறைகளில் 'ஹாஃப்-கட்' என்று சொல்லப்படுவது, ஜப்பானில் பயன்படுத்திக் கழித்த காரின் முன்பாதியை எஞ்சினோடு வெட்டி இறக்குமதி செய்யும் முறையாகும். மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் வீராவுக்குள், லான்சர் எவல்யூஷனின் 4ஜி63 டர்போ எஞ்சினை இவ்வழியில் ஏற்றுவது மலேசிய மோட்டார் ஆர்வலர்கள் அனைவரும் அறிந்த வழக்கம். எவல்யூஷனை வடிவமைத்தவர்கள் அந்த எஞ்சினின் வெப்பத்தை அறிந்து, முகப்பின் ஒரு மூலையில் காற்றால் குளிரும் ஆயில் கூலரையும் அதற்குரிய காற்றுவழியையும் சேர்த்தே அமைத்தனர். எஞ்சின் வேறு உடலுக்குள் குடிபுகும்போது ஆற்றல் முழுமையாக வந்து சேர்கிறது. அதைத் தணிக்கும் ஏற்பாடோ இடமின்மையாலும் செலவுச் சிக்கனத்தாலும் பல வேளைகளில் விட்டுப்போகிறது. தொழிற்சாலை அமைத்த டர்போ அழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும் உரிமையாளரின் நிலையும் இதுவே: வடிவமைத்தவர் வெப்பத்துக்காக ஒதுக்கிய இருப்பை அவர் செலவிட்டுவிடுகிறார். இரு நிலைகளிலும் கூலரைப் பொருத்துவது அலங்காரமோ கூடுதல் வசதியோ ஆகாது. முன்பே பட்டுவிட்ட கடனைத் தீர்ப்பதாகும்.

'கடன்' என்னும் கருத்தை இங்கு வலிந்து புகுத்தியதாகக் கொள்ள வேண்டியதில்லை. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் சொல்லும் முருகன் பிறப்பில், சிவபெருமானின் நெற்றிக் கண்களிலிருந்து எழுந்த தீப்பொறிகளின் வெம்மையைத் தேவர்களாலேயே தாங்க இயலவில்லை. உலகைக் காக்க வந்த ஆற்றல் உலகை எரித்துவிடும் நிலை ஏற்பட்டது. வாயுவும் அக்கினியும் அப்பொறிகளைச் சுமந்து கங்கையில் சேர்க்க, கங்கை அவற்றைச் சரவணப் பொய்கைக்குக் கொண்டுசெல்ல, நாணல் சூழ்ந்த அந்தக் குளிர்ந்த நீரில்தான் பொறிகள் குழந்தை உருப் பெற்றன. பொறியை யாரும் அணைக்கவில்லை என்பதே இக்கதையின் நுட்பம். அணைத்திருந்தால் சூரனை வெல்வார் இல்லை. தணிக்காமல் விட்டிருந்தால் காக்கப்பட வேண்டிய உலகே இல்லை. ஆற்றல் பயன்தரும் உருவத்தை அடைவது குளிர்ந்த நீரின் மடியில்தான் என்று புராணம் கருதுகிறது.

பினாங்குத் தமிழரின் வழிபாடு இக்கருத்தைத் தெருவிலேயே நிகழ்த்திக் காட்டுகிறது. தைப்பூசத்தில் தண்ணீர்மலை நோக்கிக் காவடியும் பால்குடமும் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. மலைமேல் முருகனுக்குப் பால் அபிஷேகம் ஆகிறது. 1833-இல் எழுந்த குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலின் தெய்வத்தைத் தமிழர் வெம்மையின் வடிவாகவும் அவ்வெம்மையைத் தணிப்பவளாகவும் ஒருசேர வணங்குவதால், வேப்பிலையும் மஞ்சள் நீரும் ஆடிக் கூழும் அவளுக்கு உகந்தவையாகின்றன. தீமிதியில் தழலைக் கடந்தவர் நேரே பால்குழியில் கால்வைக்கிறார். தீயை மிதிப்பவருக்குப் பால்குழியைத் தோண்டிவைக்கும் கடமை ஊருக்கு உண்டு.  ஆயுதபூசை நாளில் கார்ச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் குடும்பங்கள், அந்தக் காரின் எண்ணெய்ச் சூட்டையும் இதே அக்கறையோடு நோக்கினால் அது மரபின் இயல்பான நீட்சியாகவே அமையும்.

தணிப்பிலும் அளவு உண்டு என்பதை இயந்திரம் சடங்கினும் துல்லியமாக உணர்த்துகிறது. எண்ணெய் போதிய சூட்டை அடையாவிட்டால், எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கி அதனைக் கசடாக்குகின்றன. கெட்டியான எண்ணெய் அச்சுகளை எளிதில் சென்றடைவதும் இல்லை. பாலிக் புலாவ் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் தடையற்ற கூலரைப் பொருத்தினால், எண்ணெய் தன் பணிச்சூட்டை அடைவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடும். ஆதலால் தேர்ந்த கைவினைஞர் எண்ணெய் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே அமரும் தகட்டில் தெர்மோஸ்டாட் ஒன்றைச் சேர்க்கிறார். எண்ணெய் ஏறத்தாழ 80 டிகிரியை அடையும் வரை அது கூலருக்குச் செல்லும் முதன்மை வழியை அடைத்துவைத்து, பின்னரே திறக்கிறது. நடுநிலை என்பதைச் சூட்டுக்கும் குளிருக்கும் சரிபாதியான புள்ளி என்று பலர் எண்ணுகின்றனர். தெர்மோஸ்டாட் காட்டும் நடுநிலை அத்தகையதன்று: அது 90 டிகிரிக்கு மேலான கடும் சூட்டை வேண்டி நிற்கும் நடுநிலை, பொருளின் இயல்பு எதைக் கேட்கிறதோ அதையே அளவாகக் கொள்வது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உணவைப் பற்றிப் பேசும் அளவும் உண்பவரின் உடலைச் சார்ந்ததே என்பதால், இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதில் பிழையில்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு வலிமையான மறுப்பு ஒன்று பௌத்தத்திலிருந்து வருகிறது. தீ வழிபாட்டினராக இருந்து துறவியரானவர்களுக்குப் புத்தர் கயையில் ஆற்றிய தீயுரையில், கண்ணும் காதும் மனமும் ஆசையால் எரிகின்றன என்று கூறினார். விடுதலை என்பது எரிபொருள் இடப்படாமையால் தீ தானே அவிவது. 1803-இல் தோன்றிய பர்மியக் கோயிலான தம்மிக்காராமத்தைக் கொண்ட பினாங்கில் இக்குரல் அயலானதன்று. அப்பார்வையில், ஆயில் கூலர் ஆசையின் விளைவைக் குறைத்துக் காட்டி ஆசையை வளர்க்கும் கருவியாகிவிடுகிறது. எண்ணெய் குளிர்ந்ததும் டர்போ அழுத்தம் இன்னும் சிறிது உயர்த்தப்படும், பின்னர் பெரிய கூலர் தேவைப்படும். பட்டறை அனுபவம் இதை மறுப்பதில்லை என்பதால், மறுப்பை எளிதாக ஒதுக்குவது நேர்மையாகாது. ஆயினும் இல்லறத்தார் தீயின்றி வாழ இயலாதவர். அடுப்பும் விளக்கும் வேள்வியும் அவர் பொறுப்பில் உள்ளன. துறவிக்கு அவித்தல் நெறியென்றால், தீயோடு வாழ்பவருக்கு அதைக் காவல் காத்தலே நெறி. பௌத்தத்தின் எச்சரிக்கை இக்காவலுக்கு ஒரு நிபந்தனையை விதிக்கிறது: தணிப்பால் கிடைத்த இருப்பை மீண்டும் அழுத்தமாக மாற்றிச் செலவிடுபவர் கடனைத் தீர்க்கவில்லை, புதிய கடனுக்கு முன்பணம் கட்டுகிறார்.

அதனால் கூலருக்கு முன்னர் எண்ணெயின் வெப்பமானி பொருத்தப்பட வேண்டும் என்று கொள்வதே முறையாகும். சூட்டை அறியாமல் தணிக்கப் புகுவது நோய் அறியாமல் மருந்திடுவதற்கு ஒப்பாகும். மலையேறும்போதும் எண்ணெய் 105 டிகிரியைத் தாண்டாத காருக்குக் கூலர் தேவையே இல்லை. கூலர் செய்ய இயலாததும் ஒன்று உண்டு. மலையேறி முடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்தினால் எண்ணெயோட்டம் நின்று, டர்போவின் அச்சருகே தேங்கிய எண்ணெய் கருகிப் படிகிறது. அச்சமயம் முகப்பிலுள்ள கூலர் எதற்கும் உதவாது, ஓட்டுநர் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டுக் காத்திருப்பதே உதவும்.

இக்கடன் உரிமையாளரின் எஞ்சினோடு முடிந்துவிடுவதில்லை. கூலர் சேர்ந்தவுடன், முன்பு எஞ்சினுக்குள்ளேயே சுழன்ற எண்ணெய் அழுத்தத்தோடு இரண்டு நீண்ட குழாய்கள் வழியே காரின் முகப்புக்கு வந்து திரும்புகிறது. உற்பத்தி நிறுவனங்களுக்கே இது எளிய பகுதியன்று. புரோட்டோன் தன் சிஎஃப்இ டர்போ எஞ்சின் கார்களை ஆயில் கூலர் குழாய்களை மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைத்திருக்கிறது. குழாய் புகைக்குழலை நெருங்கிச் சென்றாலோ, தகட்டு விளிம்பில் உரசினாலோ, இணைப்பின் ரப்பர் வளையம் சரியாக அமராவிட்டாலோ, எண்ணெய் துன் சார்டோன் சாலையின் வளைவில்தான் சிந்தும். அடுத்து இறங்கி வரும் மோட்டார் சைக்கிள்காரர், டுரியான் கூடையோடு வரும் தோட்டத் தொழிலாளியாயினும் பள்ளிப் பிள்ளையை ஏற்றிவரும் தாயாயினும், அதில் வழுக்கி விழுவார். வாகன மாற்றங்களை 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அரசு கட்டுப்படுத்துவதற்கும், கழிவு எண்ணெயை 2005-ஆம் ஆண்டு விதிகள் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தி மண்ணிலோ ஓடையிலோ ஊற்றுவதைத் தடுப்பதற்கும் அடியில் இருப்பது, ஒருவர் கூட்டிய வெப்பத்தின் விளைவைப் பிறர் சுமக்கக் கூடாது என்னும் நியாயமே. ஆகவே பொருத்திய அன்றே எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்ப்பதும், முதல் மலையேற்றத்துக்குப் பின் குழாய்களை மீண்டும் சோதிப்பதும், கூலருக்குள் நிறைந்த எண்ணெயைக் கணக்கிட்டு அளவுக்கோலைத் திரும்பப் பார்ப்பதும் வழிபாட்டுக்குரிய கவனத்தோடு செய்யத்தக்கவை. பட்டறை அவற்றைச் செய்து முடித்திருந்தாலும், காரை மலைக்கு எடுத்துச் செல்பவர் தாமும் குனிந்து பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.