ஹஸ்கி நாயும் கீழ்ப்படிதலும்

நாயைப் பழக்குவதில் தர்மநியாயத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. "உட்கார்" என்றால் உட்கார வேண்டும், "வா" என்றால் வர வேண்டும்; வராவிட்டால் நாலு அடி போட்டால் தானே வரும் என்பது அவர்கள் கட்சி. மற்ற நாய்களின் விஷயத்தில் இந்தக் கட்சி எவ்வளவு தப்பானது என்பது எளிதில் வெளியே தெரிவதில்லை. அவை சாதுவானவை, அடித்தவன் காலையே நக்கிக்கொண்டு கிடக்கும். ஆனால் ஹஸ்கி என்னும் நாயைக் காப்பகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் இந்தக் கேள்வி எழுந்தே தீரும்: வாயில்லா ஜீவன் ஒன்றிடம் கீழ்ப்படிதலைக் கேட்க எனக்கு உரிமை எங்கிருந்து வந்தது? அந்த உரிமைக்கு எல்லை எது?

முதலில் இந்த நாய் இன்னதென்று அறிந்துகொள்வோம். சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள், பனிமேல் வண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த இனம் இது. 1908-ஆம் ஆண்டுவாக்கில் அலாஸ்காவிலுள்ள நோம் நகருக்கு இந்த நாய்களைக் கொண்டுவந்தார்கள். 1930-ல் அமெரிக்க நாயினச் சங்கம் இதைத் தனி இனமாக அங்கீகரித்தது. பார்வைக்கு ஓநாயைப்போல் இருந்தாலும் பெரிய உருவமில்லை. ஆண் நாய் 20 முதல் 27 கிலோ எடை இருக்கும். பெரும் பாரத்தைச் சிறிது தூரம் இழுப்பது இதன் வேலையன்று. இலேசான பாரத்தை, கடுங்குளிரில், நாள் முழுவதும் களைக்காமல் இழுத்துக்கொண்டு ஓடுவதே இதன் பிழைப்பு. குரைப்பது குறைவு, ஊளையிடுவது அதிகம். தரையைத் தோண்டும். வேலியைத் தாண்டும். பூனையையும் கோழியையும் கண்டால் துரத்தும். மனிதரிடமோ மகா சிநேகம். திருடன் வந்தாலும் வாலை ஆட்டி வரவேற்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். காவலுக்கென்று இதை வாங்குகிறவன் ஏமாந்துபோவான்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பனிவண்டி ஓட்டுகிறவன் கையில் கடிவாளம் கிடையாது. வலம், இடம், நில் என்று வாயால் சொல்லுவதே அவன் ஆட்சி. முன்னால் ஓடும் தலைமை நாய் அந்தச் சொல்லைக் கேட்டு மற்ற நாய்களை நடத்திச் செல்லும். ஆனால் எதிரே பனிக்கட்டி மெலிந்து, கீழே தண்ணீர் இருப்பதை அது உணர்ந்தால், எஜமான் "போ" என்று கத்தினாலும் போகாமல் நிற்கவேண்டும். எப்போது கேட்கக்கூடாது என்று தெரிந்த நாயே அங்கே நல்ல நாய். அந்தக் குணத்தை நாம் நம் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, "பிடிவாதம், சொன்னபடி கேட்பதில்லை" என்று நொந்துகொள்கிறோம்.

நோம் நகரில் லியோன்ஹார்ட் செப்பாலா என்ற நார்வே தேசத்து வண்டியோட்டி இருந்தார். 1913-ல் அவர் நாய்களுக்குள் பிறந்த ஒரு குட்டி நோஞ்சானாய் இருந்தது, பார்வைக்கும் எடுப்பாயில்லை. வண்டிக்கு உதவாது என்று எண்ணி, ஆறு மாதத்தில் அதை ஒரு வீட்டுக்குச் செல்லப் பிராணியாகக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் சில வாரங்களில் அது மூடியிருந்த கண்ணாடி ஜன்னலை உடைத்துப் பாய்ந்து, பல மைல் ஓடி, செப்பாலாவின் கொட்டிலுக்கே திரும்பி வந்துவிட்டது. கட்டிப்போட்டாலும் அறுத்துக்கொண்டு வண்டிகளின் பின்னால் ஓடி, வேலை செய்யும் நாய்களைத் தொந்தரவு செய்தது. வேறு வழியில்லாமல் எட்டு மாதத்தில் அதை வண்டியில் பூட்டிப் பார்த்தார். அந்த ஒரே நாளில் 75 மைல் ஓடி, மாலைக்குள் தலைமை நாயின் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதன் பெயர் டோகோ.

1925-ஆம் ஆண்டு ஜனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவிற்று. குழந்தைகள் மடியத் தொடங்கினார்கள். கப்பல் வர முடியாதபடி கடல் உறைந்திருந்தது. ரயிலில் மருந்தை நெனானா என்ற ஊர் வரையே கொண்டுவர முடிந்தது. அங்கிருந்து நோம் 674 மைல். சுமார் 20 வண்டியோட்டிகளும் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உறைந்த கடல்மீது குறுக்கே புகுந்த பகுதி உட்பட, மற்ற எந்தக் குழுவையும்விட மிக நீண்ட தூரம் ஓடியது செப்பாலாவின் குழு. முன்னால் நின்று நடத்தியது டோகோ. அப்போது அதற்கு வயது பன்னிரண்டு. ஆனால் கடைசிக் கட்டத்தை ஓடி ஊருக்குள் நுழைந்த வண்டியின் தலைமையில் பால்ட்டோ என்ற நாய் இருந்தது. உலகம் பால்ட்டோவையே புகழ்ந்தது. அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க் நகரப் பூங்காவில் அதற்குச் சிலை வைத்தார்கள்.

சிலை வைக்கப்பட்ட நாயின் கதி என்னவாயிற்று என்று கேட்டால் மனம் வேதனைப்படும். இரண்டு வருஷத்துக்குள் பால்ட்டோவும் அதன் தோழர்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், காசு வாங்கிக் காட்டும் ஒரு மட்டமான காட்சிசாலையில், மெலிந்து நோயுற்றுக் கட்டிக்கிடந்தன. கிளீவ்லாந்து நகர வியாபாரி ஒருவர் அவற்றைக் கண்டு மனம் பொறாமல், மீட்க விலை பேசினார். 2,000 டாலர் கேட்டார்கள். கிளீவ்லாந்து மக்கள் நன்கொடை திரட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில்லறைக் காசுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1927 மார்ச்சில் பால்ட்டோவும் ஆறு தோழர்களும் அந்த நகரத்துக்கு வந்து, மிருகக்காட்சிச் சாலையில் நல்லபடி வாழ்ந்தன. 1933-ல் பால்ட்டோ இறந்தது.

ஒரு பிராணியைப் போற்றுவதும் அதைப் பராமரிப்பதும் வேறு வேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நம் காலத்திலும் இதே கதைதான். 2011-ல் தொடங்கிய கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்னும் தொலைக்காட்சித் தொடரில் ஓநாய் போன்ற பிராணிகளைப் பார்த்துவிட்டு, மேல்நாடுகளில் அநேகர் ஹஸ்கிக் குட்டிகளை வாங்கினார்கள். பிறகு காப்பகங்களில் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். அந்தத் தொடரில் நடித்த பீட்டர் டிங்க்லேஜ் என்பவரே, தயவுசெய்து இந்த நாய்களை இப்படி வாங்காதீர்கள் என்று 2017-ல் பகிரங்கமாக வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று. அவர்கள் விரும்பியது நீலக் கண்ணையும் ஓநாய் முகத்தையும். வீட்டுக்கு வந்ததோ நாளெல்லாம் ஓடத் துடிக்கும் கால்கள்.

இனி உரிமையைப்பற்றிய கேள்விக்கு வருவோம். சர்வேசுரன் மனிதனுக்கு மிருகங்கள்மேல் ஆளுகை கொடுத்தார் என்று ஆதியாகமம் சொல்வதை நாம் அறிவோம். ஆளுகை என்றதும் சிலர் பிரம்பை நினைக்கிறார்கள். மிருகங்களிடம் கொடுமையாய் நடப்பவன் மனிதரிடமும் கொடுமைக்காரன் ஆவான் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் எச்சரித்திருக்கிறார். 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் இன்னும் ஒருபடி மேலே போய், பிராணிகளுக்கு அன்பு காட்டுவது நமது கடன் என்றே போதிக்கிறது. அதே இடத்தில், மனிதரின் துயரம் தீர்க்கவேண்டிய பணத்தைப் பிராணிகளுக்கு வாரி இறைப்பது தகாது என்றும் சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பட்டினி கிடக்க, நம் வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் பலகாரம் செய்கிறவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

என் மனதுக்குப் படுவது இது. தத்தெடுக்கப்பட்ட நாய், "என்னை எடுத்துக்கொள்" என்று கேட்டு வரவில்லை. ஒப்பந்தம் ஒரு பக்கத்தார் செய்தது. ஆகவே முதலில் கட்டுப்படவேண்டியவரும் அந்தப் பக்கத்தாரே. நாயிடம் ஒரு கட்டளை சொல்லுமுன், அதன் தேகமும் குணமும் கேட்கிறதை நாம் கொடுத்துவிட்டோமா என்று பார்க்கவேண்டும். ஒரு மணி நேரமாவது வேர்க்க விறுவிறுக்க ஓடவோ நடக்கவோ விடாத ஹஸ்கியைப் பார்த்து "சும்மா இரு" என்பது, பிள்ளைக்குச் சோறு போடாமல் "அழாதே" என்று அதட்டுவதற்குச் சமம்.

முதல் நாட்களில் பெரும்பாலானவர்கள் தவறுவது, அன்பு மிகுதியால். நாய் வந்த அன்றைக்கே உற்றார் உறவினரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள், குழந்தைகள் கட்டிப்பிடிக்கிறார்கள், நாயோ எங்கே வந்தோம் என்றே தெரியாமல் நடுங்குகிறது. அதற்கு வேண்டியது ஓர் ஒதுக்கமான மூலை, காப்பகத்தில் தின்றுபழகிய அதே தீனி, ஒரே வேளையில் சாப்பாடு, ஒரே வேளையில் நடை. சந்தடி கூடாது. காப்பகத்தார் ஒரு கணக்குச் சொல்வதுண்டு: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இந்தக் கணக்கு சரியாய் வரும் என்று சொல்லமுடியாது. ஆனால் மூன்றாம் நாளே தீர்ப்புச் சொல்லிவிடும் நம் அவசரத்துக்கு இது நல்ல மருந்து.

பழக்கும் வழியும் எளிதே, பொறுமைதான் கடினம். பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தால் ஒரு சிறு மாமிசத் துண்டு. வார் தளர்ந்திருக்க நடந்தால் மேலே போகலாம். இழுத்தால் நாம் அசையாமல் நிற்பது. இழுப்பது அதன் இரத்தத்தில் ஊறியது என்பதால் இந்தப் பாடத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். ஐந்து நிமிஷப் பாடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதற்குமேல் நீட்டினால் ஹஸ்கி கொட்டாவி விட்டுப் போய்விடும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். தகப்பனார் "இறங்கு" என்பதும், தாயார் "வேண்டாம்" என்பதும், பாட்டி "இருந்துவிட்டுப் போகட்டும்" என்பதுமாய் இருந்தால் நாய் பாட்டி சொல்லையே கேட்கும்!

அடிக்கலாமா என்ற கேள்விக்குத் தயக்கமின்றி, கூடாது என்பேன். ஓநாய்க் கூட்டத்தில் ஒன்று மற்றவற்றை அடக்கி ஆள்கிறது, ஆகையால் நாயையும் அடக்கி மல்லாத்தி "நானே தலைவன்" என்று காட்டவேண்டும் என ஒரு சித்தாந்தம் வெகுகாலம் வழங்கிவந்தது. அதன் வேர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947-ல் எழுதிய ஆராய்ச்சி. 1970-ல் டேவிட் மெக் என்ற விஞ்ஞானி தம் நூலில் அதைப் பரப்பினார். பின்பு காட்டில் சுதந்தரமாய்த் திரியும் ஓநாய்களைப் பல வருஷம் கவனித்த அவரே, 1999-ல் அதை மறுத்து எழுதினார். காட்டிலே ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள் என்ற குடும்பமே. சண்டையிட்டுப் பட்டம் பிடித்த சர்வாதிகாரி அங்கே இல்லை என்றார். ஒரு குடும்பத்தை ராணுவ முகாம் என்று நினைத்து, அதைப் பார்த்து நம் வீட்டை நடத்தப் புறப்பட்டோம்!

அப்படியானால் நாய் இஷ்டப்படி திரியட்டும் என்பதா? அதுவும் தவறு. ஹஸ்கியை வாரை அவிழ்த்துத் திறந்த வெளியில் விட்டால் திரும்பி வரும் என்ற நிச்சயம் இல்லை. எவ்வளவு பழக்கினாலும் ஓர் அணிலைக் கண்டால் பாடமெல்லாம் பறந்துபோகும். சாலையில் வண்டிச் சக்கரம் அதன் சுதந்தரத்தைக் கேட்டுக்கொண்டிராது. ஆறடி வேலியும், தோண்ட முடியாதபடி மண்ணுக்குள் இறக்கிய கம்பிவலையும், கழுத்துப்பட்டியில் முகவரியும் வைப்பது கொடுமையாகாது. கேட்கத் தகுந்ததைக் கேட்கலாம்: கடிக்காதே, மேஜைமேல் ஏறாதே, கூப்பிட்டால் வா. ஊளையிடாதே, ஓட ஆசைப்படாதே என்று கேட்பதோ, அதை வேறு ஜாதிப் பிராணியாய்ப் பிறந்து வரச் சொல்வதாகும்.

நம் ஊர்ப்பக்கமும் இப்போது ஹஸ்கிக் குட்டிகள் விலைக்கு வருகின்றன. உறைபனியைத் தாங்க இரண்டடுக்கு ரோமத்தோடு சிருஷ்டிக்கப்பட்ட பிராணியைச் சித்திரை வெயிலுக்கு வரவழைப்பது அழகுக்காகச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் யாரோ வாங்கிக் கைவிட்ட நாய் ஒன்று கண்ணெதிரே நிற்கும்போது அதைச் சேர்த்துக்கொள்வது இரக்கச் செயலே. அதற்கு விடியுமுன்னும் இருட்டிய பின்னுமே நடை. பகலில் குளிர்ந்த தரை, ஓயாத தண்ணீர், முடிந்தால் குளிர்சாதனம். வெயிலுக்கென்று ரோமத்தை மழித்துவிடக்கூடாது. அது சூட்டையும் தடுக்கும் போர்வை.

கடைசியாக, பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி. முடியவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பது பாவமா? சோபா கிழிந்தது, தூக்கம் கெட்டது, அண்டை வீட்டார் முறைக்கிறார்கள் என்பவை காரணமாகா. இவை வருமென்று தெரிந்துதான் எடுத்தோம், அல்லது தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் கைக்குழந்தைக்கு ஆபத்து, வீட்டில் தீராத வியாதி, பிழைப்புக்காக ஊர் மாற்றம் என்று மெய்யான இடர் வந்தால், நம் கௌரவத்துக்காக நாயைப் பின்கட்டில் சங்கிலியில் கட்டி வைத்திருப்பதைவிடத் திருப்பிக் கொடுப்பதே நீதி. நாம் கொடுத்த வாக்கு அதன் நன்மையைக் குறித்தது. டோகோ ஜன்னலை உடைத்து ஓடியதால் அந்த வீட்டாரை எவரும் குறை சொன்னதில்லை. தெருவில் அவிழ்த்துவிடுவது மட்டும் ஒருபோதும் ஆகாது. திருப்பிக் கொடுக்கும்போது உண்மையை ஒளிக்கவும் கூடாது: எத்தனை அடி வேலியைத் தாண்டிற்று, கோழியைக் கொன்றதா, எந்த வேளையில் ஊளையிடும், எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அது படுத்துப் பழகிய பழந்துணியையும் கூடவே அனுப்பவேண்டும்.