மறுக்கக்கூடிய தூரம்

மெழுகுதிரி வெளிச்சத்தில் முகங்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கிட்டப் போகத்தான் வேண்டும். தூரத்தில் நின்று இழுத்து எடுக்கிற நீண்ட லென்ஸ் அந்த இருட்டில் கைகொடுக்காது. அது உள்ளே விடும் வெளிச்சம் போதாது. அதற்காக ஷட்டரை மெதுவாக்கினால் கையின் சிறு நடுக்கமும் முகத்தைக் கலைத்துவிடும். பிளாஷ் போட்டாலோ திரியின் வெளிச்சம் செத்துப்போய், வெறும் மெழுகுக் குச்சியோடு திடுக்கிட்டு நிற்கும் ஒருவர்தான் படத்தில் இருப்பார். ஆகவே 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 1.4 வரை திறந்து, ஐ.எஸ்.ஓ.வை 3200இல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டுத் தூரத்தில் நிற்கிறேன். கமராவின் தானியங்கி வண்ணச் சீரமைப்பையும் நிறுத்திவிடுவேன். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின் என்றால் மெழுகுதிரி 1900 அளவில்தான் இருக்கும். கமராவை அதன் போக்கில் விட்டால் அந்த மஞ்சளைப் பிழையென்று எண்ணிக் கழுவப் பார்க்கும்.

ஓர் எட்டுத் தூரத்தில் நிற்கிறவனை எதிரில் இருப்பவருக்கும் தெரிகிறது. அவர் முணுமுணுக்கும் செபம் எனக்குக் கேட்கும். என் ஷட்டரின் சத்தம் அவருக்குக் கேட்கும். விருப்பமில்லையென்றால் முகத்தைத் திருப்பலாம், முந்தானையை இழுத்துவிடலாம், “வேண்டாம்” என்று ஒரு சொல் சொல்லலாம். தொடக்கத்தில் இந்தத் தூரம் வெளிச்சத்தின் கட்டாயமாக இருந்தது. இப்போது பட்டப்பகலிலும் துயரப்படுகிறவர்கள் முன்னால் அதே தூரத்தில்தான் நிற்கிறேன். அடுத்தவருடைய துயரத்துக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பது கமரா வைத்திருப்பவனுக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. ஆனால் கமரா வைத்திருப்பவன் அதற்கு ஒவ்வொரு தடவையும் காலால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் என்னை மறுக்கக்கூடிய தூரத்தில் நிற்பது என்பதுதான் என் பதில்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை 8.45 அளவில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அதே காலையில் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் என்று அடுத்தடுத்து வெடித்தன. 250க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மறுநாள், கோயிலுக்குக் கிட்ட நின்ற ஒரு வாகனத்திலிருந்த குண்டைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அதுவும் வெடித்தது. வீதியில் நின்ற சனம் திசை தெரியாமல் ஓடியது. இரவானால் ஊரடங்கு. அதனால் அந்த நாட்களில் கோயில் இருக்கும் கொட்டாஞ்சேனையில் மெழுகுதிரிகள் எரிந்தது சித்திரை வெயிலில். தேவாலயங்களில் ஞாயிறு திருப்பலி நிறுத்தப்பட்டு, கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்த 28ஆம் திகதியும், சனம் மூடிய கோயிலின் முன்னால் பாதுகாப்புத் தடைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று திரி கொளுத்தியது. வெயிலில் எரிகிற சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. உருகி விரலில் வழிகிற மெழுகுதான் தெரியும்.

கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர் இல்லை என்பது கொழும்பில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் பொட்டு வைத்தவர்களும், வெள்ளைச் சேலை உடுத்த சிங்களப் பெண்களும், தலைக்கு முக்காடிட்டவர்களும் ஒரே வரிசையில் திரியோடு நிற்பார்கள். சிவன் கோயிலில் பொன்னம்பலவாணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே அந்தோனியாரிடம் நடந்து வருகிறவர்கள் உண்டு. அந்த வரிசைதான் அந்த வாரத்தில் வீதிக்கு வந்தது. யாரும் ஒழுங்குபடுத்தவில்லை.

அங்கே ஒரு தாய், மகளின் படமொன்றைக் கண்ணாடிச் சட்டத்தோடு நெஞ்சில் அணைத்தபடி நின்றார். பாடசாலைச் சீருடையில் எடுத்த படம். தடைக்குப் பக்கத்தில் உலகத்தின் பாதிக் கமராக்கள் நின்றன. நீண்ட லென்ஸ்கள் எல்லாம் அவர் அழும் கணத்துக்காகக் காத்திருந்தன. நான் முன்னால் போய், “அம்மா, எடுக்கலாமா?” என்று கேட்டேன். அவர் சட்டத்தைத் திருப்பி, வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்காதபடி சாய்த்துப் பிடித்தார். “எடுங்க தம்பி. இவட முகமும் விழுற மாதிரி எடுங்க.” அந்தப் படத்தில் அவர் அழவில்லை. மகளைக் காட்டுகிறார்.

அந்தச் சாய்த்துப் பிடித்த கையிலிருந்து நான் கற்றது, திரி ஏந்தி நிற்பது செத்தவீடு மாதிரியானது இல்லை என்பதை. செத்தவீடு உறவுக்கும் அயலுக்கும் உரியது. அங்கே கமராவுக்கு வேலை இல்லை. வீதியில் திரி கொளுத்துகிறவர்களோ காணப்படுவதற்காக வருகிறார்கள். 2022 மார்ச்சில் கொஹுவலையில் மின்வெட்டைத் தாங்க முடியாத குடும்பங்கள் மெழுகுதிரிகளோடு சந்தியில் வந்து பேசாமல் நின்றபோது, பார்க்க ஒருவரும் இல்லையென்றால் அது இன்னொரு இருட்டு இரவாக முடிந்திருக்கும். படங்கள் வெளியே போயின. அடுத்த சந்திகளிலும் சனம் கூடியது. கேலிச்சித்திரக் கலைஞர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமலாக்கப்பட்டார். அவருடைய துணைவி சந்தியா, 12 ஆண்டுகள் கழித்து முகத்துவாரம் காளி கோயிலில் தலையை மழித்துக்கொண்டபோது, ஊடகங்களின் முன்னிலையிலேயே அதைச் செய்தார். நீதிமன்றம் தராததைத் தெய்வத்திடம் கேட்பதற்கும் சாட்சி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “துயரத்தைப் படம் எடுப்பது ஈனம்” என்று சொல்லி வீட்டிலிருக்கும் படப்பிடிப்பாளரை நான் மதிக்கவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் விடுவதில் என்ன நாகரிகம் இருக்கிறது?

ஆனால் நான் சொல்லும் தூரம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்தில், ஓர் இரவு பொரளை பஸ் நிலையத்தில், உடைகள் உரியப்பட்டுக் கூனிக் குறுகி இருந்த தமிழரையும் அவரைச் சுற்றிச் சிரித்து நின்ற கும்பலையும் ‘அத்த’ பத்திரிகையின் சந்திரகுப்த அமரசிங்க படம் எடுத்தார். அந்த மனிதரிடம் அனுமதி கேட்டிருக்க முடியாது. கேட்க நின்றிருந்தால் அந்த இரவுக்கு இன்று நம்மிடம் முகமே இருந்திருக்காது. 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்ற பாதுகாப்புத் தரப்பின் கதையை, பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த படங்கள் உடைத்தன. சூட்டுக் காயங்கள் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரையே சுட்டுக் கொன்றார்கள். இறந்த பிள்ளைகள் அவரிடம் மறுத்திருக்க முடியாது, உண்மைதான். ஆனால் அங்கே கொலை நடந்திருந்தது, கொலையை மறைக்கும் பொய்யும் நடந்துகொண்டிருந்தது. அந்த இரண்டும் நடக்கிற இடத்தில் சாட்சியம் எல்லாவற்றுக்கும் முந்தியது.

மெழுகுதிரியோடு நிற்கிறவரிடம் நிரூபிக்க எதுவும் இல்லை. அவர் குற்றம் செய்யவில்லை. அவருடைய கண்ணீர் எந்த வழக்குக்கும் தடயம் இல்லை. ஆகவே பொரளையிலும் திருகோணமலையிலும் என் முன்னோடிகளுக்கு இருந்த உரிமையை நான் அவரிடம் கோர முடியாது. அவர் தந்தால் எடுக்கலாம். நம் தொழிலில் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, துணிச்சலென்ற பெயரில் ஒரு தாயின் முகத்தில் லென்ஸை இடிக்கிறார்கள். சுகிர்தராஜனின் துணிச்சல் எதற்கு எதிராக இருந்தது என்பதை அவர்கள் ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தையில் இந்தத் தூரத்தைக் காப்பது இன்னும் கடினம். போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை நினைவுகூரும் நாள் மே 18. 2022இல் அந்த நாளில் காலிமுகத்திடலில், அரசாங்கத்துக்கு எதிரான அரகலயப் போராட்டக் கூடாரங்களுக்கு நடுவே, முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. சிங்கள இளைஞர்களும் மதகுருமாரும் அதை வாங்கிக் குடித்தார்கள். கொழும்பின் நடுவில் அப்படியொன்றைக் காண்பேன் என்று நான் நினைத்ததில்லை. அண்மைய ஆண்டுகளில் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் அந்த நாளில் சனம் கூடுகிறது. காலி வீதியிலிருந்து இறங்கி, மரைன் டிரைவையும் ரயில் பாதையையும் கடந்து கடலடிக்கு வருகிறார்கள். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று தொடங்கிவிடும். திரி நிற்காது. கடதாசிக் கோப்பைக்குள் வைத்து, அதற்கு மேல் உள்ளங்கையைக் குவித்து, பக்கத்தில் நிற்பவர் தன் உடம்பையும் மறைப்பாக வைத்தால்தான் ஒரு சுடர் ஒரு நிமிடம் நிற்கும். பெரும்பாலும் அமைதியாகத்தான் நடக்கிறது; சில வேளைகளில் எதிர்த்துக் கூச்சல் போட ஒரு கூட்டமும் வருகிறது.

அங்கே என்னுடைய கமரா மட்டும் இல்லை. மதிலோரம், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், ஊடக அட்டை எதுவும் அணியாத சிலர் கைபேசியை நெஞ்சளவில் பிடித்தபடி நிற்பார்கள். யாருடைய ஆட்கள் என்று வந்திருப்பவர்கள் எவரும் கேட்பதில்லை. அவர்களும் முகங்களைத்தான் எடுக்கிறார்கள். அதே முகங்களை, அதே வெளிச்சத்தில். எனக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். நல்ல நோக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது, நோக்கம் படத்தில் தெரியாது. என் படம் நாளை பத்திரிகையில் வந்தால், அதை வெட்டி ஒரு கோப்புக்குள் வைக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். 2019 ஏப்ரலில் பொலிஸ் வெளியிட்ட சந்தேகநபர் பட்டியலில், சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க மாணவியின் படம் சேர்ந்துபோனது. தவறென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பதற்குள் அந்த முகம் உலகம் சுற்றிவிட்டது. இந்த நாட்டில் ஒரு முகம் எங்கே போய்ச் சேரும் என்று படம் எடுத்தவனால் உத்தரவாதம் தர முடியாது.

அந்தக் கடற்கரையில் ஒரு முதிய அம்மா, நான் கிட்டப் போனதுமே தலையை ஆட்டினார். “முகம் வேண்டாம் தம்பி. மகன் அரசாங்க வேலையில இருக்கிறான்.” நான் கமராவை இறக்கினேன். அவரே பிறகு சொன்னார்: “கையை எடுங்கோ. கை ஆற்றை எண்டு ஆருக்குத் தெரியும்?” எடுத்தேன். நரம்போடிய, ஒரு விரலில் மோதிரத் தடம் மட்டும் மிஞ்சிய கை. விரலிடுக்கால் கசிந்த வெளிச்சம். ஆசிரியபீடத்தில் ஒருவர் முகமுள்ள படம் இல்லையா என்று கேட்டார். இருந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் பெண்ணின் முகம், எல்லா வகையிலும் நல்ல படம். அவரிடம் கேட்க முடியாமல் கூட்டம் கலைந்துவிட்டது. அதைக் கொடுக்கவில்லை. கைதான் வந்தது.

இப்போது இன்னொரு வாதம் எழுகிறது, அதுவும் நியாயமானதே. அஞ்சலிக்கு வருகிற எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. திரியை ஏற்றியவுடன் பக்கத்தில் நிற்கும் பிள்ளை நேரலையைத் தொடங்கிவிடுகிறது. நான் விட்ட முகம் அன்றிரவே பேஸ்புக்கில் ஐந்து கோணங்களில் கிடக்கும். பிறகு என் விலகலால் யாருக்கு என்ன காப்பு? ஒருவேளை ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டது என்னிடம். நேரலையிலும் மதிலோரத்து ஆட்களிடமும் கேட்க அவருக்கு வழி இருக்கவில்லை. கேட்கக்கூடிய தூரத்தில் ஒரேயொரு கமராதான் நின்றது. அது என்ன பதில் சொன்னது என்பது அவருக்குத் தெரியும்.

செத்தவீட்டிலிருந்து சொல்லாமல் புறப்படுவது நம் வழக்கம். படம் எடுத்தவன் அப்படிப் புறப்படக்கூடாது என்று நினைக்கிறேன். எங்கே வரும், எப்போது வரும் என்று சொல்லிவிட்டு வருவேன். கொச்சிக்கடைத் தாய்க்கு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், 2019 ஜூன் 12இல், கோயில் மீண்டும் திறக்கப்பட்டபோது அவரை அங்கே கண்டேன். உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் குண்டுவெடிப்புகளைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்த பிறகு வந்த ஏப்ரலிலும் அவர் திரியோடு நின்றார். வெளிநாட்டு லென்ஸ்கள் அப்போது அங்கே இல்லை. “காசு யாருக்கு வேணும், யார் செய்ய வச்சதெண்டு சொல்லட்டும்” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன், படத்துக்குக் கீழே போட.

வெள்ளவத்தை அம்மாவை இன்னொரு மே மாதத்தில் மறுபடி பார்த்தேன். நான் அவருடைய கையை நோக்கிக் குனிந்தபோது, கடதாசிக் கோப்பையை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

“இந்த முறை முகத்தையே எடுங்கோ தம்பி. மகன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டான்.”