குழாயை வெட்டலாம், கருவைத் தொடக்கூடாது

கருக்குழாயில் தங்கிவிட்ட கருவை அகற்றுவதற்கு அறுவை சிகிச்சையில் இரண்டு வழிகள் உண்டு. ஒரு மருத்துவர் கருவோடு சேர்த்துக் குழாயையே வெட்டி எடுத்துவிடுவார். இன்னொருவர் குழாயைக் கீறி, உள்ளிருக்கும் கருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழாயை விட்டுவைப்பார். இரண்டிலும் கரு பிழைப்பதில்லை. இரண்டிலும் பெண் பிழைத்துக்கொள்கிறாள். ஆனால் கத்தோலிக்க அறவியலாளர்கள் பலருடைய கணக்கில் முதலாவது சிகிச்சை, இரண்டாவது கருக்கொலை. கத்தி எங்கே விழுந்தது என்பதை வைத்துப் பாவத்தை அளக்க முடியுமா என்று இறையியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். அது நூலகத்துக்குள் அடங்கிப்போகிற விவாதமாக இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அமெரிக்காவின் மருத்துவமனைப் படுக்கைகளில் ஆறேழில் ஒன்று கத்தோலிக்க நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஆம்புலன்ஸில் போகிற பெண், தான் போய்ச் சேரும் மருத்துவமனை எந்த மதத்தைச் சேர்ந்தது என்று விசாரித்துக்கொண்டு போவதில்லை.

கருவுற்ற முட்டை கருப்பைக்கு வந்து சேராமல் வேறிடத்தில் ஒட்டிக்கொள்வது நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் நடக்கிறது. அவற்றில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கருக்குழாயில். கருப்பையைப் போலக் குழாயால் விரிந்துகொடுக்க முடியாது. கருவைச் சுற்றியுள்ள திசு ஊட்டம் தேடிக் குழாயின் சுவரை அரித்துக்கொண்டே போகும். ஆறு, ஏழு, எட்டு வாரம் என்று ஆகும்போது சுவர் கிழிந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். சில பெண்களுக்கு வலி தோள்பட்டையில் தெரியும். உள்ளே தேங்கும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி அது. முதல் மூன்று மாதங்களில் கர்ப்பிணிகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. தாயா, பிள்ளையா என்று தேர்ந்தெடுக்கும் இக்கட்டு இங்கே இல்லவே இல்லை. குழாய்க்குள் இருக்கும் கரு பிறந்து வளர வழி கிடையாது. மருத்துவர் கைகட்டி நின்றால் இரண்டு சாவு வரலாம், கைவைத்தால் ஒன்று.

1883இல் பர்மிங்ஹாமில் ராபர்ட் லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர் குழாய் கிழிந்த ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து, ரத்தக்குழாய்களைக் கட்டி, அவளைப் பிழைக்க வைத்தார். அதுவரை இந்த நோய் வந்தவர்களை வைத்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர மருத்துவத்துக்குப் பெரும்பாலும் வேறு வேலை இருக்கவில்லை. அறுவை சிகிச்சை கைகூடியவுடன் கேள்வி ரோமாபுரிக்குப் போனது. முதிராத கருவை இப்படி வெளியே எடுப்பது தகுமா என்று கேட்கப்பட்டபோது, திருப்பீடத்தின் விசுவாச விசாரணை மன்றம் 1902இல் தகாது என்று பதில் சொன்னது. கருவை நேரடியாகக் கொல்லக்கூடாது. கொல்லாவிட்டால் இருவருமே சாவார்கள் என்றாலும் கூடாது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர வழி சொன்னவர் லிங்கன் பூஸ்கரன் என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு. கருக்குழாய்க் கர்ப்ப அறுவை சிகிச்சையின் அறவியலைப் பற்றி 1933இல் அவர் ஒரு நூல் எழுதினார். அவர் கையில் எடுத்தது பழைய கருவிதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், தற்காப்புக்காக ஒருவன் எதிரியைத் தாக்கும்போது அந்தச் செயலுக்கு இரண்டு விளைவுகள் உண்டு என்றார்: தன் உயிர் காப்பது ஒன்று, எதிரியின் சாவு மற்றொன்று. நாடியது முதலாவதை மட்டும் என்றால் இரண்டாவது அவன் கணக்கில் ஏறாது. பின்னால் வந்தவர்கள் இதை இரட்டை விளைவுக் கோட்பாடு என்று செதுக்கி வைத்தார்கள். பூஸ்கரனின் வாதம் இது: குழாய் கிழிவதற்கு முன்பே, திசு அரிக்கத் தொடங்கியதிலிருந்தே, அது நோயுற்ற உறுப்புதான். நோயுற்ற உறுப்பை அகற்றுவது சிகிச்சை. உள்ளே இருக்கும் கரு சாவது தெரிந்தே நடக்கிறது, ஆனால் நாடி நடப்பதில்லை.

அமெரிக்கக் கத்தோலிக்க மருத்துவமனைகள் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டன. அதனால் எத்தனையோ பெண்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். இதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். ரோமின் வாசகத்தைத் தொடாமல் ரோமின் தடையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குருவானவர் பாதை வெட்டினார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் இரக்கமும் இருந்தது. ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்கு என்று ஒரு வியாதி உண்டு. 1656இலும் 1657இலும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பிளேஸ் பாஸ்கல் தன் கடிதங்களில் இயேசு சபையினரைக் கிண்டலடித்ததும் இதற்காகத்தான்: எண்ணத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் வாள்சண்டைக்குக்கூட அனுமதி கிடைத்துவிடுகிறதே என்று. இருபதாம் நூற்றாண்டில், எண்ணம் என்றால் என்ன என்பதைப் பற்றியே நூல் எழுதிய கத்தோலிக்க மெய்யியலாளர் எலிசபெத் அன்ஸ்கோமும், மனத்துக்குள் ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்வதால் செயல் மாறிவிடாது என்று எச்சரித்தார். குழாயை வெட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் மருத்துவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதா?

மூன்றாவதாக ஒரு வழி வந்தபோது சிக்கல் முற்றியது. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து, புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுப்பது, வேகமாகப் பெருகும் செல்களைத் தடுக்கிறது. கருக்குழாய்க் கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டால், தகுந்தவர்களுக்கு ஊசியிலேயே காரியம் முடிந்துவிடும். கத்தி வேண்டாம், குழாயும் தப்பும். மருத்துவ உலகம் இதை 1980களில் கையிலெடுத்தது. அறவியலாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஊசி தாக்குவது கருவை அல்ல, சுவரை அரிக்கும் திசுவைத்தான். ஆகவே தகும் என்றது ஓரணி. அந்தத் திசுவே கருவின் உறுப்புதானே, அதைத் தாக்குவது கருவைத் தாக்குவதுதான் என்றது மற்றோரணி. ஒருவருடைய ஈரலைக் குறிவைத்தேன், ஆளை அல்ல என்று சொல்ல முடியுமா என்ற பாணியில் போனது சண்டை. மென்மையான வைத்தியத்துக்குச் சந்தேகம், உறுப்பையே இழக்கவைக்கும் வைத்தியத்துக்கு ஆசி. (மறுபக்கக் குழாய் நன்றாக இருக்கும் பெண்களுக்குக் குழாயை எடுப்பதால் பிற்காலத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு பெரிதாகக் குறைவதில்லை என்று 2014இல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆகவே குழாயை எடுப்பதே கொடுமை என்று பேசுவதும் சரியல்ல. மறுபக்கக் குழாயை முன்பே இழந்துவிட்டவளிடம் இந்த ஆறுதல் செல்லாது.)

அமெரிக்க ஆயர்கள் தங்கள் மருத்துவமனைகளுக்கு வகுத்த வழிகாட்டி விதிகளில், 1971ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த நோயைப் பற்றி விரிவாகவே பேசியது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நாற்பத்தெட்டாம் விதி என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கியது: கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பத்தில், நேரடிக் கருக்கலைப்பாக அமையும் எந்தத் தலையீடும் தகாது. எது நேரடி, எது மறைமுகம்? விதி சொல்லவில்லை. அந்தந்த ஊர் ஆயரும் மருத்துவமனையின் அறவியல் குழுவும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பல கத்தோலிக்க மருத்துவமனைகளில் ஊசி தாராளமாகக் கிடைக்கிறது. சிலவற்றில் கிடைப்பதில்லை என்று அங்கே பணியாற்றும் மருத்துவர்கள் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 2011இல் அப்படி ஓர் ஆய்வு வெளியானது.

கோட்பாட்டின் அடிக்கல் எவ்வளவு விசித்திரமானது என்பது கருக்குழாயை விட்டு வெளியே வந்தால்தான் தெரியும். 2009இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் புனித யோசேப்பு மருத்துவமனைக்கு நான்கு பிள்ளைகளின் தாய் ஒருவர் பதினோரு வாரக் கர்ப்பத்தோடு கொண்டுவரப்பட்டார். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயம் செயலிழந்துகொண்டிருந்தது. கர்ப்பம் தொடர்ந்தால் தாய் சாவது ஏறத்தாழ நிச்சயம், அவளோடு கருவும். அறவியல் குழுவில் இருந்த அருட்சகோதரி மார்கரெட் மெக்பிரைட் கருக்கலைப்புக்குச் சம்மதித்தார். பெண் பிழைத்தார். ஆயர் தாமஸ் ஓம்ஸ்டெட், அந்தச் சம்மதத்தாலேயே சகோதரி தன்னைச் சபைவிலக்குக்கு உள்ளாக்கிக்கொண்டார் என்றார். 2010 டிசம்பரில் மருத்துவமனையின் கத்தோலிக்க அந்தஸ்தையும் பறித்தார். சகோதரி பின்னர் திருச்சபையோடு ஒப்புரவானார்.

கருக்குழாயில் கரு தங்கிய பெண்ணையும் ஃபீனிக்ஸ் பெண்ணையும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். இருவரும் சாகக் கிடப்பவர்கள். இருவரின் கருவும் பிழைக்காது. ஒருத்திக்கு நோயும் கருவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நோயுற்ற உறுப்பு என்று சொல்லி அதை அகற்றிவிடலாம். இன்னொருத்திக்கு நோய் இதயத்திலும் நுரையீரலிலும், கருவோ நல்ல கருப்பையில். வெட்டி எடுக்கத் தோதான நோயுற்ற உறுப்பு எதுவும் அங்கே இல்லை. ஆகவே முதலாமவள் பிழைக்கலாம், இரண்டாமவள் சாக வேண்டும். அறத்தின் தீர்ப்பு உடற்கூற்றியல் படத்தைப் பார்த்து எழுதப்படுகிறது. செய்பவர் கையில் கறை படக்கூடாது என்ற கவலை முற்றிப் போனதில், யாருக்காக அந்தக் கை நீள்கிறதோ அவள் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விட்டாள்.

மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட் 1967இல் இரட்டை விளைவுக் கோட்பாட்டைப் பரிசோதித்து ஒரு கட்டுரை எழுதினார். தண்டவாளத்தில் ஓடும் டிராம் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்ற, இன்று கல்லூரி மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த புதிர் அதில்தான் பிறந்தது. பலர் மறந்துபோன இன்னொரு புதிரும் அதில் உண்டு. குகைக்குள் ஒரு கூட்டம். ஒரு பருத்த மனிதர் வாசலில் சிக்கிக்கொண்டார், வெள்ளம் ஏறுகிறது, வெடிவைத்துத்தான் வழி திறக்க முடியும். அவருடைய தலையும் உள்பக்கம் இருந்து, அவரும் மூழ்கப்போகிறவர் என்றால்? அப்போது யாரையாவது காப்பாற்றும் காரியத்தைச் செய்வதே அறிவுக்கு ஒத்தது என்றார் ஃபுட். யூத மரபு சுற்றிவளைக்காமலேயே இங்கு வந்து சேர்ந்திருந்தது. பிரசவத்தில் தாய் உயிருக்குப் போராடினால், குழந்தையின் பெரும்பகுதி வெளியே வரும்வரை தாயின் உயிரே முந்தியது என்று, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா சொல்கிறது. அங்கே முதலில் கண்ணில் படுபவள் படுத்திருக்கும் பெண்.

சட்டம் எழுதுபவர்களின் கண்ணில் யார் படுகிறார்கள்? 2019இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட ஒரு மசோதா, கருக்குழாயில் உள்ள கருவை எடுத்துக் கருப்பையில் நட முயல்வதைப் பற்றிப் பேசியது. அப்படி ஒரு சிகிச்சை உலகில் இல்லை. லண்டனில் மால்கம் பியர்ஸ் என்ற மருத்துவர் 1994இல் அப்படி நட்டுக் குழந்தையும் பிறந்ததாக ஆய்விதழில் எழுதினார். எல்லாம் கட்டுக்கதை என்று தெரிந்து மறு ஆண்டே மருத்துவப் பதிவை இழந்தார். கால்நூற்றாண்டு கழித்து அதே கற்பனை சட்டமன்றத்தில் வாய்ப்புக் கேட்டது. மசோதா சட்டமாகவில்லை.

டெக்ஸஸில் நடந்தது இதைவிட நுட்பமானது. அங்கே கருக்கலைப்புக்கு ஆயுள் சிறைவரை தண்டனை. ஆனால் கருக்குழாய்க் கர்ப்பத்தை அகற்றுவது கருக்கலைப்பே அல்ல என்று சட்டத்தின் வரையறையிலேயே எழுதியிருக்கிறது. காகிதத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் 2023இல் ரவுண்ட் ராக் நகரில் அசென்ஷன் என்ற கத்தோலிக்கக் குழுமத்தின் மருத்துவமனைக்கு ரத்தப்போக்கோடு போன ஒரு பெண், கருச்சிதைவைப் பற்றிய துண்டறிக்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய சொந்த மருத்துவர் வற்புறுத்திய பிறகே ஊசி கிடைத்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது. குழாய் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து, வலப்பக்கக் குழாயை இழந்தார். அவருடைய புகாரை விசாரித்த மத்திய அரசு அமைப்பு, அவசர சிகிச்சைக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை மருத்துவமனை மீறியது, முறையாகப் பரிசோதிக்கவில்லை என்று கண்டது. மதத்தின் பெயரோ கருக்கலைப்புச் சட்டத்தின் பெயரோ அந்த முடிவில் முன்னால் வரவில்லை. தயக்கம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்வது பெரும்பாலும் அரிது. சட்டத்துக்கு அஞ்சும் மருத்துவரும் விதிக்கு அஞ்சும் நிர்வாகமும் அசட்டையான பணிமுறையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஊசிக்கோ காலக்கெடு உண்டு. கரு வளர்ந்து, ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனின் அளவு ஏறிவிட்டால் அது பலிப்பது கடினம்; அப்புறம் கத்திதான்.

காகிதத்தில் விலக்கு இருந்தால் மட்டும் போதாது என்ற இதே பாடம் அயர்லாந்துக்கும் முன்பே கிடைத்திருந்தது. தாயின் உயிருக்கு உண்மையான ஆபத்து என்றால் கருக்கலைப்புத் தடைக்கு விலக்கு உண்டு என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1992இலேயே சொல்லியிருந்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012இல் கால்வே மருத்துவமனையில் கருச்சிதைவு தொடங்கிய நிலையில் கருவை எடுத்துவிடும்படி கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுக்கப்பட்டு, தொற்று ரத்தத்தில் ஏறி இறந்தார். கருக்குழாயிலும் சில நேரம் ஆறாவது ஏழாவது வாரத்தில் அந்தத் துடிப்பு ஸ்கேனில் தெரியும். அது தெரிகிற கணத்தில் கருவின் தலையெழுத்து மாறுவதில்லை. சுற்றியிருப்பவர்களின் தைரியம்தான் மாறுகிறது.

டெக்ஸஸ் சட்டமன்றம் 2023இல் மருத்துவர்களுக்கு நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ள ஒரு தற்காப்பு வாதத்தைக் கொடுத்தது. 2025இல், ஆபத்து நெருங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று இன்னொரு சட்டத்தால் தெளிவுபடுத்தியது. இந்த இரண்டும் அரசு வழக்கறிஞரைப் பற்றிய அச்சத்துக்குத்தான் மருந்து. மத நிறுவனங்கள் தங்கள் கொள்கைக்கு ஒவ்வாத கருக்கலைப்பை மறுக்கலாம் என்று 1973இல் மத்திய அரசு கொடுத்த பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. அந்தப் பாதுகாப்புக்குள் கருக்குழாய் ஊசி வருமா வராதா என்பதை, டெக்ஸஸின் கத்தோலிக்க மருத்துவமனைகளில் இன்றும் சட்டமன்றம் தீர்மானிப்பதில்லை. உள்ளூர் ஆயரும் அவருடைய ஆலோசகர்களும் தீர்மானிக்கிறார்கள்.