பேரும் பழியும்

ஆயுதங்களின் வரலாறு எண்ணாலும் எழுத்தாலும் எழுதப்படுவதே வழக்கம். இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் ஜேர்மனி பறக்கவிட்ட சண்டை விமானங்களைப் பற்றிய நூல்களைப் புரட்டும் மாணவன் இதனை உடனே கண்டுகொள்வான். மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்னும் ஒரே விமானம் ஜி-6, ஜி-14, கே-4 எனப் பல வகைபேதங்களாகக் கிளைக்கின்றது. ஜி-6இல் இயந்திரத்தின் மேல் 13 மில்லிமீற்றர் துப்பாக்கிகள் இரண்டு. சுழல்விசிறியின் அச்சினூடே சுடும் 20 மில்லிமீற்றர் பீரங்கி ஒன்று. அச்சுப் பீரங்கியை எடுத்துவிட்டு 30 மில்லிமீற்றர் பீரங்கியை வைத்தால் பெயரின் பின்னே 'யூ4' என்ற ஒட்டுச் சேரும். இறக்கைகளின் கீழே மேலும் இரண்டு பீரங்கிகளைத் தொங்கவிட்டால் 'ஆர்6' என்ற ஒட்டு. ஃபொக்கே-வுல்ஃப் 190இன் ஏ-8 வகையில் 13 மில்லிமீற்றர் துப்பாக்கிகள் இரண்டோடு 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் நான்கு இருந்தன. விமானியைச் சுற்றிக் கவசத்தகடு பொருத்தி, இறக்கைகளின் வெளிப்புறப் பீரங்கிகளை 30 மில்லிமீற்றராக மாற்றியபோது அது 'ஆர்8' ஆயிற்று. தாரை இயந்திரத்தால் பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் 262 நான்கு 30 மில்லிமீற்றர் பீரங்கிகளையும் மூக்கிலேயே தாங்கியது.

இம்மாற்றங்களுக்கெல்லாம் பின்னே நின்றது ஒரு கணக்கு. நான்கு இயந்திரங்கள் கொண்ட குண்டுவீச்சு விமானமொன்றை வீழ்த்த 20 மில்லிமீற்றர் குண்டுகள் ஏறத்தாழ இருபது பட வேண்டும்; 30 மில்லிமீற்றர் குண்டுகளாயின் நான்கைந்து போதும். மெல்லிய சுவருக்குள் வெடிமருந்தை நிறைத்துச் செய்த குண்டு அது. அதனை எறிந்த எம்.கே. 108 என்னும் பீரங்கியோ தகட்டை அச்சில் அழுத்தி மலிவாகவும் விரைவாகவும் செய்யக்கூடியதாய் இருந்தது. இக்கணக்கில் பிழையில்லை. ஆயினும் அது ஒரு வினாவை எழுப்புவதேயில்லை. கருவி செய்யும் கொலையில் அதனை வடிவமைத்தவனுக்குப் பங்கு எவ்வளவு? அதன் பாகங்களைப் பொருத்தியவனுக்கு எவ்வளவு? அதனை வாங்குவதற்கான பொருளை ஈட்டித் தந்தவனுக்குப் பங்கு உண்டா?

இவ்வினா ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியதென எண்ணுவோர் பிரித்தானிய விமானப்படையின் 102ஆம் படையணியின் பெயரை நோக்குதல் வேண்டும். போர்க்காலத்தில் இத்தீவிலிருந்து சென்ற நன்கொடைகளை முன்னிட்டு அப்படையணிக்கு 'இலங்கை' என்ற பெயர் சூட்டப்பட்டது. யோக்ஷயரின் பொக்லிங்டன் தளத்திலிருந்து அதன் ஹலிபக்ஸ் விமானங்கள் இரவுதோறும் ஜேர்மனியை நோக்கிப் பறந்தன. விமானமொன்றுக்கு எழுவர். 1944 பெப்ரவரியில் லைப்சிக் நகர்மீது நடந்த தாக்குதலில் மட்டும் பிரித்தானியா இழந்த குண்டுவீச்சு விமானங்கள் 78. அதன் பின்னர், இழப்பு மிகுந்த பழைய வகை ஹலிபக்ஸ்களை ஜேர்மன் இலக்குகளுக்கு அனுப்புவதே நிறுத்தப்பட்டது.

அவ்விழப்புகளில் ஒரு பகுதிக்குக் காரணமான ஆயுதம் விசித்திரமானது. 1943 முதல் மெஸ்ஸர்ஷ்மிட் 110, யுங்கர்ஸ் 88 ஆகிய இரவுச் சண்டை விமானங்களின் முதுகில் 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் இரண்டு, ஏறக்குறைய நேர்மேலே நோக்குமாறு பொருத்தப்பட்டன. 'ஷ்ரேகே மூசிக்' என்று அதற்குப் பெயர். சாய்ந்த இசை என்பது சொற்பொருள். ஜாஸ் இசையைக் குறிக்க அந்நாளைய ஜேர்மனியில் வழங்கிய பெயர் அது. பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் பெரும்பாலானவற்றின் வயிற்றுப்புறத்தில் காவற் துப்பாக்கி இல்லை. ஜேர்மன் விமானி இருளில் அடியிலே வந்து சேர்ந்து, எரிபொருள் நிறைந்த இறக்கையைக் குறிவைத்துச் சுட்டான். பாதையைக் காட்டும் ஒளிக்குண்டுகள் அதில் இடப்படாமையால், தம்மைத் தாக்கியது எதுவென்று அறியாமலே பலர் மாண்டனர். விமானத்தின் நடுவயிற்றைச் சுடாது இறக்கையைச் சுட்டதற்குக் காரணம் இரக்கமன்று. குண்டுச்சுமை வெடித்தால் சுடுபவனும் சேர்ந்து அழிவான். எனினும் இறக்கை எரிந்த விமானத்திலிருந்து சிலர் பரசூட்டில் குதித்துத் தப்ப முடிந்தது. தன்னலத்தின் ஓரத்தில் விழுந்த இத்தகைய கருணைக்கு அறநூல்களில் என்ன பெயரோ தெரியவில்லை.

ஜேர்மன் விமானி தன் நகரத்தைக் காத்தான் என்று கூறலாம். அது பொய்யுமன்று. 1943 யூலையில் ஹம்பேர்க் நகரைத் தீப்புயல் விழுங்கியபோது இறந்தோர் பல்லாயிரவர். அவருட் பெரும்பாலோர் போர்க்களம் காணாதவர். ஆனால் அவ்விமானி காத்த வானத்தின் கீழேதான் வதைமுகாம்களும் இருந்தன. சண்டை விமானம் தற்காப்புக்குரியது, குண்டுவீச்சு விமானம் தாக்குதலுக்குரியது என்ற எளிய பிரிவினை இவ்விடத்து உதவுவதில்லை.

இனி, 'இலங்கை' என்ற அப்பெயரின் பின்னே இருந்த பொருள்வளத்தை நோக்குவோமாயின், பாதை ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்கின்றது. அந்நாளில் இத்தீவின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு தேயிலைக்குரியது. பிரித்தானியாவில் 1940 யூலையில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். பிரித்தானிய உணவு அமைச்சே தோட்டத் தேயிலையை மொத்தமாகக் கொள்வனவு செய்தது. டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் தலவாக்கலையிலும் பறிக்கப்பட்ட கொழுந்து, போர்த்தொழிற்சாலையின் இடைவேளைக் கோப்பையாகவும், குண்டுவீசித் திரும்பிய விமானி கையில் வாங்கிய சூடான கோப்பையாகவும் முடிந்தது.

தோட்டத்திலே உழைப்பை அளக்கும் சொல் 'பேர்' என்பது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலை பிரிக்கப்பட்டு, குறித்த இறாத்தல் கொழுந்தை நிறுவையிற் காட்டினால் செக்றோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரைக் குறிக்கும் சொல்லே நாட்கூலியின் அலகாகிவிட்டது. மாதம் முழுவதும் பெண்ணொருத்தி தன் பேரைச் சிறிது சிறிதாகச் சம்பாதித்தாள். தொழிற்சாலையின் சல்லடையைக் கடந்த பின்னரோ அவள் பேர் எங்குமில்லை. பெட்டியின்மேல் இருப்பவை தோட்டத்தின் பெயரும் பி.ஓ.பி. போன்ற எழுத்துகளுமே. ஜி-6, ஏ-8 என்னும் எழுத்துகளைப் போலவே இவ்வெழுத்துகளும் பொருளின் தரத்தைச் சொல்வன, கையைச் சொல்லாதன. உழைத்தவனிடமிருந்து உழைப்பின் விளைவு அந்நியமாதல் என்று மார்க்ஸ் விளக்கியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இத்தீவிற் கிடைப்பது அரிது.

அப்படியாயின், ஹம்பேர்க்கில் எரிந்த குழந்தையின் மரணத்தில் கொழுந்து பறித்தவளுக்கும் ஒரு துளிப் பங்குண்டு என்பதா? கேட்ட மாத்திரத்திலேயே மனம் மறுக்கின்றது. மறுப்பதற்கான நியாயம் யாது என்பதே இவ்விடத்து ஆராயத்தக்கது.

பழந்தமிழ் மரபில் இதற்கொரு விடை உண்டு. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்று தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோருக்குத் தனித்தனியே கடமைகளைப் பங்கிடுகின்றது. படைக்கருவி ஆக்குவது கொல்லனின் பங்கு. அதனால் விளையும் கொலைபற்றிக் கொல்லனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. ஆயின் அக்கொல்லன் வாழ்ந்தது சிற்றூரில். அவன் வடித்த வேலை யார் ஏந்தினான், யார்மீது எறிந்தான் என்பதை ஊரே அறியும். கடமையைப் பங்கிட்டாலும் அறிவு பங்கிடப்படவில்லை. பௌத்தம் இதனிலும் கடுமையானது. உபாசகன் செய்யலாகாத ஐந்து வாணிகங்களுள் ஆயுத வாணிகத்தையும் அது வைத்தது. 'விற்றேன், எறியவில்லை' என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. பகவத்கீதையோ பயனை எண்ணாது கடமையைச் செய்யுமாறு கூறுகின்றது. ஆனால் அது யாருக்குக் கூறப்பட்டது? வில்லைக் கையிலேந்தி, எதிரே நிற்பவர் இன்னின்னாரென்று ஒவ்வொருவராய்க் கண்ட அருச்சுனனுக்கு. பயனைக் கண்டவனுக்குச் சொன்ன உபதேசத்தை, பயனைக் காணவே விடப்படாத கூலியாளுக்குச் சொன்னால் அது உபதேசமாகாது, கங்காணியின் அதட்டலாகிவிடும்.

ஆக, பழிக்கு இரண்டு நிபந்தனைகள் தேவைப்படுகின்றன. விளைவை அறியும் வாய்ப்பு ஒன்று. மறுக்கும் வலிமை மற்றொன்று. இவ்விரண்டும் எவ்வாறு பிரிந்து நிற்கக்கூடும் என்பதற்கு ஜேர்மன் விமானத் தொழிற்சாலைகளைவிடக் கொடிய சான்று வேறில்லை.

1944 மார்ச்சில் ஜேர்மனி சண்டை விமான உற்பத்தியைப் பெருக்க விசேட குழுவொன்றை நிறுவியது. குண்டுவீச்சு ஓயாதபோதும் அவ்வாண்டிலேயே உற்பத்தி உச்சத்தை அடைந்தது. இதனை நிர்வாகத் திறமையின் வெற்றி என வியப்போர் இன்றும் உளர். அவ்வெற்றியின் கைகள் யாருடையவை? ஃப்ளொசென்பூர்க் வதைமுகாமில் 1943 முதலே கைதிகள் மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் பாகங்களைச் செய்தனர். மௌத்தவுசன் முகாமின் கிளையான குசெனில், கைதிகள் தாமே குடைந்த சுரங்கத்துள் 262இன் உடற்பகுதிகள் உருவாயின. வியன்னாவுக்கு அருகே ஹின்டர்ப்ரூல் என்னுமிடத்துப் பழைய ஜிப்சச் சுரங்கத்தில் ஹைன்கல் 162 பொருத்தப்பட்டது. 'மக்கள் சண்டை விமானம்' என்று அதற்குப் பெயரிட்டு, கிளைடர் ஓட்டப் பழகிய சிறுவர்களையே அதில் ஏற்ற எண்ணினர். அதன் இலேசான உடற்பகுதி 30 மில்லிமீற்றர் பீரங்கியின் உதைப்பைத் தாங்காமையால் அடுத்த வகைபேதத்தில் 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் இடப்பட்டன. 1944 டிசம்பர் 6ஆந் திகதி முதன்முறை பறந்த அவ்விமானம் நான்கு நாட்களின் பின், தரங்குறைந்த பசையால் இறக்கை சிதைந்து விழ, விமானி மாண்டான்.

சுரங்கத்துட் பட்டினியோடு நின்ற கைதி தான் செய்வது எதுவென்பதை நன்கு அறிந்திருந்தான். தன்னை விடுவிக்கக்கூடியவர்களை வீழ்த்தும் ஆயுதம் அது. முதல் நிபந்தனை அவனிடம் முழுமையாக இருந்தது. இரண்டாவது அறவே இல்லை. ஆணியைத் தளர்த்தினான் என்ற ஐயமே தூக்குமரத்துக்குப் போதுமானது. அங்ஙனமிருந்தும் நாசவேலை செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீரர்கள். ஆனால் செய்யாதவன் குற்றவாளியல்லன். வீரம் எல்லோருக்கும் விதிக்கப்படும் கடமையன்று.

தேயிலைத் தோட்டத்தை வதைமுகாமோடு ஒப்பிடுவது உண்மைக்கு மாறானது. இறந்தவர்களுக்கு இழைக்கும் அவமதிப்புமாகும். லயனில் கூலி இருந்தது, குடும்பம் இருந்தது, கோயிற் திருவிழா இருந்தது. ஆனால் மறுக்கும் வலிமை எவ்வளவு இருந்தது என்ற கேள்வி எஞ்சியே நிற்கின்றது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அத்துப்பாக்கிக்கு வகைபேதப் பட்டியல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு குண்டு போதுமாயிற்று. அதே ஆண்டில் இப்போரை ஏகாதிபத்தியப் போரென எதிர்த்த சமசமாஜக் கட்சித் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். கொழும்பின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய 1942 ஏப்ரல் 5ஆந் திகதிக்கு இரு நாட்களின் பின் என். எம். பெரேராவும் தோழர்களும் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். கல்வியும் கட்சியும் உடையவர்கள் மறுத்தபோது கிடைத்தது சிறை. இரண்டுமற்றவர் கூலிக்காக மறுத்தபோது கிடைத்தது மரணம்.

மறுக்கும் வலிமை நிறைந்திருந்தவர்கள் யார்? விமான உற்பத்தியை நடத்திய எர்ஹார்ட் மில்ஹ் 1947இல் நூரம்பேர்க் நீதிமன்றத்தில் அடிமை உழைப்புக் குற்றத்திற்காக ஆயுட்சிறை பெற்று, 1954இல் விடுதலையானார். வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் 1948இல் ஜேர்மன் விசாரணை மன்றத்தால் 'உடன்சென்றவர்' என்று வகைப்படுத்தப்பட்டார். அவர் பெயர் இன்றும் அவ்விமானங்களின்மேல் இருக்கின்றது. பொருத்திய கைகளின் பெயர்கள் முகாம் பதிவேடுகளிற் கிடக்கின்றன. அவையும் பெரும்பாலும் எண்களாக.

இவ்வாறு கொழுந்து பறித்தவளைப் பழியிலிருந்து விடுவிப்பது எளிதே. ஆனால் விடுவிப்போர் கவனிக்கத் தவறும் மறுபக்கம் ஒன்று உண்டு. பழியிற் பங்கில்லை என்பதனால் புகழிலும் பங்கில்லை என்றாகிவிடுமா? படையணிக்கு 'இலங்கை' எனப் பெயர் சூட்டியபோது அப்பெயருக்குள் அவளும் அடக்கம். அவளுடைய கொழுந்தின் பெறுமதியை நீக்கிவிட்டால் அந்நாளைய இலங்கை எதனை நன்கொடை அளித்திருக்கும்? கொடுக்கும் வேளையில் அவள் இலங்கையள். 1947 தேர்தலில் மலையகம் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது; தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர், தம் உழைப்பு எந்நாட்டின் பெயரால் வானிற் பறந்ததோ அந்நாட்டிலேயே நாடற்றவராயினர். செக்றோலில் மட்டும் பேர் தவறாது விழுந்தது.

1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்து இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, ஹம்பேர்க் எரிந்த ஆண்டில் பிரட்டுக்களத்தில் நின்றவர்களுள் உயிரோடிருந்தோர் மிகச் சிலரே.