பழகிவிட்டது என்னும் சொல்

“அவர்களுக்கு அது பழகிவிட்டது.” பிறர் படும் துன்பத்தைக் காணும்போது நம் நாவில் எளிதாக வந்துவிடும் சொல் இது. உப்பளத்தில் உழைப்பவருக்கு வெயில் பழகிவிட்டது. துப்புரவுத் தொழிலாளிக்கு நாற்றம் பழகிவிட்டது. இச்சொல் உண்மைதானா? உண்மையே எனினும், அது நம் பொறுப்பை நீக்கிவிடுமா? கடலின் ஓர் ஓரத்தில் வாழும் மீன்கள் இவ்வினாவைச் சற்று ஆழமாக நோக்க நமக்கு உதவுகின்றன.

பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீட்டரே. ஆழமற்ற அந்நீர் கோடையில் 35 பாகை செல்சியசையும் தாண்டிக் கொதிக்கும். குளிர்காலத்திலோ 20 பாகைக்கும் கீழே இறங்கும். பவளப்பாறை மீன்கள் பலவற்றிற்கு இதுவே வாழிடத்தின் விளிம்பு. ஹோர்முஸ் நீரிணைக்கு அப்பால், ஓமான் கடலில் காணப்படும் இனங்கள் பல உள்ளே வருவதில்லை. கடந்த பனியுகத்தில் இவ்வளைகுடா வறண்ட நிலமாகக் கிடந்தது. கடல்நீர் இன்றைய கரைகளை எட்டி ஏறத்தாழ 6,000 ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே, இங்குள்ள பவளப்பாறை மீன்கள் அனைத்தும் பிற்காலத்தில் குடியேறியவற்றின் வழித்தோன்றல்களே.

அவை இவ்வெப்பத்தைத் தாங்குவது எங்ஙனம்? இங்கே இரண்டு செய்திகளை நாம் வேறுபடுத்திக் காணவேண்டும். ஒரு மீன் தன் வாழ்நாளில் ஓரளவு வெப்பத்திற்குத் தன்னைப் பழக்கிக்கொள்வது ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஓர் இனத்தின் மரபணுக்களே மாறிவருவது மற்றொன்று. இரண்டாவது நிகழ்வில் எந்தத் தனி மீனும் ‘பழகுவதில்லை.’ தாங்க இயலாதவை மடிகின்றன, அல்லது வழித்தோன்றலின்றி மறைகின்றன. தாங்கியவற்றின் குஞ்சுகள் எஞ்சுகின்றன. நாம் வியந்து போற்றும் அந்தத் தகவமைப்பு, மடிந்தவற்றின் கணக்கில் எழுதப்பட்டது.

விளிம்பில் வாழ்வோர்க்கு வேறு சுமைகளும் உண்டு. பவளப்பாறை மீன்களின் நுண்குஞ்சுகள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து செல்பவை. நடுப்பகுதியிலிருந்து திரளாக வந்து சேரும் குஞ்சுகள், விளிம்பின் சூழலுக்குப் பொருந்திய மரபணுக்களை நீர்த்துப்போகச் செய்யக்கூடும். அவ்வரவு முற்றிலும் நின்றுவிட்டாலோ, சிறு கூட்டம் தன் மரபணு வளத்தைத் தற்செயலாகவே இழந்துவிடும். புதியதொரு நோயோ நெருக்கடியோ வரும்போது அதற்கு ஈடுகொடுக்க அதனிடம் மாற்று வழி இராது. வளைகுடாவில் சில இனங்கள், ஓமான் கடலில் வாழும் தம் இனத்தவற்றைவிடச் சிறிய உடலோடு நின்றுவிடுகின்றன. ஆம், அவை வாழ்கின்றன. ஆனால் விலை கொடுத்து வாழ்கின்றன.

அவ்விலைக்கும் ஓர் எல்லை உண்டு. வெப்பம் தாங்குவதில் உலகிலேயே பெயர்பெற்றவை வளைகுடாப் பவளங்கள். எனினும் 2017ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பம் அளவு மீறியபோது, அபுதாபிக் கடற்பகுதியில் அவற்றுள் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. பவளம் மடிந்தால் அதை அண்டிவாழும் மீனுக்கும் புகலிடம் இல்லை.

“மீன்கள் மாறிக்கொள்ளும், இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும்” என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். கடலைச் சூடாக்கியவர் நாம். மாறவேண்டிய கடமையை மீனின்மீது சுமத்துவது அறமாகாது. பிறருடைய தாங்கும் ஆற்றலை, நம் தவற்றுக்கு மன்னிப்புச் சீட்டாக நாம் பயன்படுத்துகிறோம்.

அதே கரையில் நம் ஊர் இளைஞர்களும் கட்டடப் பணியில் உழைக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கச் சட்டம் தடை விதித்துள்ளது. மனித உடல் பழகுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அச்சட்டமே ஒப்புக்கொள்கிறது. அனுப்பிய பணத்தில் வீடு எழும்புவதைக் காணும் நாம், “அவனுக்கு வெயில் பழகிவிட்டது” என்று சொல்லி அமைதி அடைந்துவிடுகிறோமா?

துன்பத்தைத் தாங்குபவரைப் போற்றுவது நன்றே. ஆனால் அப்போற்றுதல் அவரது சுமையை ஓர் அணுவேனும் குறைக்கவில்லை எனில், அதனால் பயன் என்ன? இனி “பழகிவிட்டது” என்னும் சொல் நாவில் எழும்போது, ஒரு நொடி நின்று கேட்போம்: பழகியது யார்? பழக முடியாமல் போனவர் எத்தனை பேர்? அந்தச் சூட்டை மூட்டியது யாருடைய கை?