நந்தி தெரியுதா?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற நாலு பையன்கள், ஒரே ரூம்வாசிகள், இரண்டு நாள் லீவுக்குத் திட்டம் போட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஒகேனக்கல். முதல் நாள் பாறை இடுக்கில் பரிசல், வறுத்த மீன். மறுநாள் மேட்டூர் அணை.

சிக்கல் மேட்டூரில்தான். 1934-ல் அந்த அணையைத் திறந்தார்கள். அதன் நீரில் மூழ்கிய ஊர்களின் மிச்சம் இன்னும் உள்ளே இருக்கிறது. தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு பழைய சர்ச் கோபுரமும் வெளியே தெரியும். ஒரு பையனுக்கு அதைப் பார்த்தே ஆகணும். "எத்தனை அடி இருக்கு? எறங்கட்டும், கிளம்பிடலாம்" என்று தினமும் நச்சரிப்பு. பக்கத்துப் பாயில் படுக்கிறவனுக்கு மன்னார்குடி பக்கம் ஊர். அவனும் அதே நீர்மட்டத்தைத்தான் தினமும் பேப்பரில் தேடுகிறான். அப்பா குறுவைக்கு உழுதுவிட்டுக் காத்திருக்கிறார்.

"நீ வேடிக்கை பாக்க எங்க வயலு காயணுமாடா?"

"நான் ஆசைப்பட்டா தண்ணி கொறைஞ்சிடுமா?"

நீங்கள் யார் பக்கம்?

பி.காம். படித்தவனுக்குப் பற்று இல்லாமல் வரவு கிடையாது. மேட்டூரைப் பாசனத்துக்குத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை, தண்ணீர் இல்லை. நந்தி பார்க்கப் போகிறவருக்கு அதெல்லாம் நல்ல வருஷம்! சரி, வெள்ளமே வரட்டும் என்பீர்கள். வந்தால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள். பரிசல்காரர் வீட்டில் அன்றைக்கு உலை எப்படி வைப்பது? டெல்டாவின் வரவு அவருக்குப் பற்று.

அதற்காக எல்லா ஆசையும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். பரிசல்காரர் தண்ணீர் வடியணும் என்று நினைப்பது சோற்றுக்காக. நம்ம பையன் நினைப்பது போட்டோவுக்காக. அவன் ஆசையால் ஒரு சொட்டும் குறையாது, வாஸ்தவம். ஆனால் "அணை ரொம்பிடுச்சு" என்ற செய்தி கேட்டு ஒருத்தன் முகம் வாடுகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வற்றினபிறகு போய்ப் பார்ப்பதில் தப்பே இல்லை. வற்றட்டும் என்று காத்திருப்பது வேறு சமாசாரம்.

ஆகவே, தேதியை நீர்மட்டம் பார்த்துக் குறிக்காதீர்கள். லீவு கிடைக்கிறபோது கிளம்புங்கள். இறங்கியிருந்தால் பண்ணவாடி. நிரம்பி வழிந்தால் பதினாறு கண் மதகு இருக்கிறது, அதுவும் காட்சிதான். பரிசல் ஓடுகிறதா என்று மட்டும் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.